இருள்சூழிசை: ஒரு சொல் முன்மொழிவு

மதிப்பிற்குரிய நண்பர்களுக்கு, மட்டக்களப்பிலிருந்து வணக்கம்.

‘டார்க் ஆம்பியன்ட்’ என்னும் மின்னணு இசைவகைக்கு ‘இருண்ட சூழல் இசை’, ‘கரும்பின்னணி இசை’ என்னும் இரு சொற்கள் இதுவரை முன்வைக்கப்பட்டுள்ளன. பின்னணி என்றால் முன்னால் ஒரு காட்சியோ உரையாடலோ இருக்கவேண்டும். இவ்விசைக்கு முன்னால் எதுவும் இல்லை. ‘சூழல் இசை’ என்றாலோ குயிலும் மழையும் பதிந்த ஒலிநாடாவையே பலர் எண்ணிக்கொள்வர்.

1978இல் ஆங்கிலேய இசையமைப்பாளர் பிரையன் ஈனோ ‘ஆம்பியன்ட்’ என்னும் பெயரை இசைக்கு இட்டபோது, ஊன்றிக் கேட்கவும் கேளாமல் விட்டுவிடவும் ஒருங்கே இடந்தரும் இசையையே கருதினார். லஸ்ட்மோர்ட் என்னும் பெயரில் இயங்கும் பிரையன் வில்லியம்ஸ் போன்ற டார்க் ஆம்பியன்ட் கலைஞர்கள், குகைகளிலும் நிலவறைகளிலும் பதிந்த ஒலிகளைத் தாழ்த்தியும் நீட்டியும் எழுப்பிய ஒலியுலகங்களில் கேளாமல் விடும் அந்த வசதி இல்லை. கேட்பவர் அவற்றின் உள்ளே இருக்கிறார். ஆகவே நமக்கு வேண்டிய சொல்லின் உயிர் ‘சூழ்’ என்னும் வினையில் இருக்கிறது என்பது என் துணிபு.

சிறுவயதில் கல்லடிப் பக்கம் வாவியில் முழுகியிருந்தபோது, தொலைவில் சென்ற ஓர் எஞ்சின் வள்ளத்தின் ஓசை எத்திசையிலிருந்து வருகிறது என்றே அறியமுடியாமல் தலை முழுவதும் நிறைந்து நின்றதை இன்னும் மறக்கவில்லை. நீரில் ஒலி காற்றில் செல்வதைவிட நான்கு மடங்குக்கு மேல் விரைவதால், இரு காதுகளுக்கும் இடையிலான நேர வேறுபாடு மிகக் குறுகி, மூளை திசையைத் தவறவிடுகிறது. திசையற்று நிறையும் அந்த ஒலியைத்தான் இக்கலைஞர்கள் கருவிகளால் ஆக்குகிறார்கள்.

‘இருள்’ என்பதையும் நிறமாகவோ தீமையாகவோ கொள்ளவேண்டாம். கண்ணகி அம்மன் சடங்கில் பதிந்த ஓர் உடுக்கொலியைக் கணினியில் கால்பங்கு வேகத்தில் ஓடவிட்டேன். அது இரண்டு ஸ்தாயி இறங்கியது. ஒரு தட்டு நான்கு மடங்கு நீண்டது. 100 ஹேர்ட்ஸில் இருந்த பகுதி 25க்கு வந்து, செவியின் கீழெல்லையான 20ஐ நெருங்கிவிட்டது. தோலின் அதிர்வு மறைந்து, நெஞ்சாங்கூட்டில் ஒரு கனம் மட்டுமே எஞ்சியது. இருள் என்று நான் சொல்வது அந்தத் தாழ்வை. பாடசாலையில் நாம் படித்த சொல்லில், மீடிறன், அதாவது ஒலியின் அதிர்வெண், குறைவதை.

ஆகவே ‘இருள்சூழிசை’ என்பதை முன்மொழிகிறேன். ‘சூழிசை’ வினைத்தொகை; சூழ்ந்த, சூழ்கின்ற, சூழும் இசை என முக்காலமும் அதில் அடங்கும். தொடக்கமும் முடிவும் புலப்படாத இசைக்கு இதைவிடப் பொருத்தமான இலக்கணம் எனக்குத் தெரியவில்லை. ‘இருட்சூழிசை’ என்று புணர்க்கவேண்டாமா என்று சிலர் கேட்கக்கூடும். இருள் சூழ்கிறது என எழுவாயாக நிற்பதால் ளகரம் திரியாமல் இருப்பதே நன்று. வாசிப்பவருக்கும் சொல் உடனே விளங்கும். ‘ஆம்பியன்ட்’ தனித்து வருமிடத்தில் ‘சூழிசை’ போதும்.

இவ்விசையில் ஒரே சுருதியில் இடையறாது நீளும் ஒலியைக் குறிக்கும் ‘ட்ரோன்’ என்பதற்குப் புதுச்சொல் தேடவேண்டியதே இல்லை. நாதஸ்வரத்துக்குப் பக்கத்தில் ஒரே சுருதியை இடையறாது ஊதும் குழலை நம் கோயில்களில் ‘ஒத்து’ என்றே அழைத்துவந்தார்கள். சுருதிப்பெட்டி வந்தபின் கருவி அருகினாலும் சொல் நம்மிடம் இருக்கிறது. ‘ஒத்திசை’ என்று ஆக்கினால் ஒத்திசைவோடு குழம்பும் என்பதால் ‘ஒத்தொலி’ எனலாம்.

மறுப்புகள் இருந்தால், ஒரு முழு வாக்கியத்தில் சொல்லை இட்டுக் காட்டி எழுதுமாறு வேண்டுகிறேன்.