குழந்தைகளுடன் கொல்லங்கோட்டிலிருந்து ஆனைமலைக்குச் சைக்கிளில் செல்ல எப்படித் தயாராவது?

கேள்வி: கொல்லங்கோட்டுத் தந்தை

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்துக் கொல்லங்கோட்டில் வசிக்கும் தமிழ்க் குடும்பம்; என் மனைவியின் தாய்வீடு பொள்ளாச்சிப் பக்கத்து ஆனைமலையில் இருக்கிறது. வரும் பொங்கல் விடுமுறைக்கு வழக்கம்போலப் பேருந்தில் போகாமல், முதலமடை, கோவிந்தாபுரம், மீனாட்சிபுரம் வழியாக நால்வரும் சைக்கிளிலேயே போய்த் திரும்ப வேண்டும் என்று என் மகள் ஆசைப்படுகிறாள். அவளுக்கு 10 வயது. 24 அங்குலச் சக்கரமுள்ள சைக்கிளை நன்றாகவே ஓட்டுகிறாள் என்றாலும், பள்ளிக்கூடச் சாலையைத் தாண்டி இதுவரை ஓட்டியதில்லை. மகனுக்கு 4 வயது. அவனை என் சைக்கிளின் கேரியரில் ஒரு தலையணையைக் கட்டி உட்கார வைக்கலாம் என்று எண்ணியிருக்கிறேன். ஒரு வழிக்கு 30 கிலோமீட்டர் அளவுக்கு வரும். மகள் இதற்குள் பாட்டியிடம் தொலைபேசியில் சொல்லியும் விட்டாள். எனவே முடியாது என்று அவளிடம் சொல்வதற்கு முன்னால், முடிய வைப்பதற்கு என்னென்ன செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

பதில்: கொழிஞ்சாம்பாறை ஆசிரியை

ஐயா, மற்றவற்றைப் பேசுவதற்கு முன், தலையணை கட்டிய கேரியரில் மகனை உட்கார வைக்கும் எண்ணத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். என் மகனுக்கு 5 வயதாக இருந்தபோது, வீட்டிலிருந்து 2 கிலோமீட்டர் தொலைவிலுள்ள கோயிலுக்கு அப்படித்தான் அழைத்துச் சென்றோம். திரும்பும் வழியில் அவன் கண்ணயர்ந்து, தொங்கிய கால் சக்கரக் கம்பிகளுக்குள் போய்விட்டது. சைக்கிள் சட்டென்று நின்றபோது கல் தட்டியது என்றுதான் என் கணவர் நினைத்தார். குதிகால் தோல் உரிந்திருந்ததைப் பிறகுதான் கண்டோம். அவன் மறுபடி செருப்புப் போட்டு நடக்க ஆறு வாரம் ஆயிற்று.

முதுகுக்குச் சாய்மானமும், தோளையும் இடுப்பையும் பிடிக்கும் பட்டைகளும், பாதத்தை வைத்துக் கட்ட இருபுறமும் குழிவான தட்டுகளும் உள்ள குழந்தை இருக்கையை வாங்குங்கள். அது எவ்வளவு எடை தாங்கும் என்று அதன் மேலேயே அச்சிட்டிருப்பார்கள். பின்புறம் பொருத்தும் இருக்கைகள் பலவற்றுக்கு 22 கிலோதான் உச்ச வரம்பு. உங்கள் இருக்கைக்கு அடியில் சுருள் ஸ்பிரிங் இருந்தால் அதைத் தடித்த துணியால் சுற்றித் தைத்துவிடுங்கள், பின்னால் இருக்கும் பிள்ளை அதற்குள் விரலை விடும். இருக்கையில் பிள்ளையை வைத்துவிட்டுச் சைக்கிளை ஸ்டாண்டில் நிறுத்தி, ஒரு நிமிடம்கூட நகரக் கூடாது. உங்கள் மனைவி சுடிதார் அணிவதானால் துப்பட்டா சக்கரத்தில் சிக்காமலிருக்க, அதை வீட்டிலேயே வைத்துவிட்டு வரச் சொல்லுங்கள்.

பதில்: முதலமடை மாந்தோப்புக்காரர்

தம்பி, தூரத்தைக் கணக்கிட்டீர்கள், காற்றைக் கணக்கிடவில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலத்துக்கு விட்டுப்போன இடைவெளியான பாலக்காட்டுக் கணவாயில்தான் நாம் குடியிருக்கிறோம். ஆடி மாதத்தில் மேற்கிலிருந்து அடிக்கும் காற்று, மார்கழியிலும் தையிலும் கிழக்கிலிருந்து அடிக்கும். பொங்கலுக்குக் கொல்லங்கோட்டிலிருந்து கிழக்கே மிதித்தால் வழி நெடுக எதிர்க்காற்றுதான். பெரியவர்களுக்கே தொடை நோகும் காற்றில், பத்து வயதுப் பிள்ளை முதலமடை வருவதற்குள் அழுதுவிடும். கிளம்பும் முன் பக்கத்துத் தென்னை ஓலைகள் எந்தப் பக்கம் சாய்கின்றன என்று பாருங்கள், நான் சொல்வது விளங்கும்.

ஆகவே போகும்போது சைக்கிள்களைக் குட்டியானை வண்டியில் ஏற்றி மீனாட்சிபுரத்தில் இறக்கிவிட்டு, நீங்கள் பேருந்தில் ஆனைமலைக்குப் போங்கள். திரும்பும்போது மீனாட்சிபுரத்திலிருந்து கொல்லங்கோடு வரை காற்று முதுகைத் தள்ள, 20 கிலோமீட்டர் அளவுக்கு மட்டும் மிதித்து வாருங்கள். ஆனைமலை மாசாணியம்மன் கோயில் குண்டம் விழா தை, மாசியை ஒட்டி வருவதால், அந்த நாட்களில் ஆனைமலைச் சாலை முழுவதும் வண்டிகளாக இருக்கும். பிள்ளைகளை அந்தப் பகுதியில் ஓட்ட வைக்காமல் இருப்பதே நல்லது. விடியற்காலையில் சித்தூர்ப் பக்கத்துக் கள்ளு வண்டிகள் மிக வேகமாகப் போகும், எனவே நன்றாக வெளிச்சம் வந்த பிறகு, 7 மணிக்கு மேல் புறப்படுங்கள். மா பூக்கும் காலம் என்பதால் தோப்புகளில் மருந்து தெளிப்பார்கள். அந்த வாடை வந்தால் நிழல் நன்றாக இருக்கிறதே என்று அங்கே நிற்காதீர்கள்.

பதில்: மீனாட்சிபுரம் சைக்கிள் கடைக்காரர்

சைக்கிள்களை என் கடையிலேயே இறக்கி வைக்கலாம், சார், பார்த்துக்கொள்கிறேன். அதற்கு முன் மகளின் சைக்கிளில் கவனிக்க வேண்டியதைச் சொல்கிறேன். பெரும்பாலும் பெற்றோர் சீட்டை மிகவும் தாழ்த்தி வைத்திருப்பார்கள். பெடல் கீழே வரும்போது முழங்கால் சற்றே மடங்கியிருக்கும் அளவுக்கு உயர்த்தினால்தான் நெடுந்தூரத்தில் முழங்கால் நோகாது. பிரேக் கைப்பிடிக்கு அவள் விரல்கள் எட்டுகின்றனவா என்று பாருங்கள். பல கைப்பிடிகளில் உள்பக்கம் ஒரு சிறு திருகு இருக்கும். அதைத் திருகினால் கைப்பிடி ஹேண்டில்பாரை ஒட்டி வரும், பிஞ்சு விரலும் எளிதில் பிடிக்கும். தலைக்கவசம் புருவத்துக்கு மேல் இரண்டு விரல் உயரத்தில் நிற்க வேண்டும். பலர் அதைத் தொப்பிபோல் பின்னால் தள்ளி மாட்டுகிறார்கள், விழுந்தால் நெற்றிதான் முதலில் அடிபடும்.

பழைய சைக்கிளில் வால்டியூப் போட்ட வால்வு இருக்கும், புதிய சைக்கிளில் மோட்டார்சைக்கிளில் உள்ளதுபோன்ற வால்வு இருக்கும். ஒன்றுக்கான பம்பு மற்றொன்றுக்குப் பொருந்தாது. உங்கள் மூன்று சைக்கிளுக்கும் காற்றடிக்கும் பம்பை வீட்டிலேயே ஒருமுறை அடித்துப் பார்த்து எடுத்து வாருங்கள். ஒவ்வொரு அளவிலும் ஒரு டியூப், ஒட்டுப்போடும் பொருள்கள், டயர் கழற்றும் நெம்புகோல், திருகும் சாவிகள் ஆகியவை போதும்.

சாலையில் ஒருவர் முன்னாலும், ஒருவர் பின்னாலும், மகள் நடுவிலும் வர வேண்டும். பின்னால் வருபவர் அவளைவிட ஒரு முழம் வலப்பக்கம் தள்ளி ஓட்டினால் முந்தும் லாரி அவளை ஒட்டி வராது. லாரி கடக்கும்போது காற்று முதலில் வெளியே தள்ளி, உடனே உள்ளே இழுக்கும். இதை முன்கூட்டியே சொல்லி, அந்நேரம் மிதிப்பதை நிறுத்தி ஹேண்டில்பாரை இரு கையாலும் பிடிக்கப் பழக்குங்கள். ரயில் தண்டவாளம் வந்தால் இறங்கித் தள்ளிச் செல்லுங்கள்.

மீண்டும் கொல்லங்கோட்டுத் தந்தை

மனமார்ந்த நன்றி. ஆசிரியை அம்மா எழுதியதைப் படித்த அன்றே தலையணையை அவிழ்த்துவிட்டேன். பட்டைகள் உள்ள இருக்கை வந்து, மகன் அதில் நான்கு நாளாகப் பழகுகிறான். சென்ற ஞாயிறு சுள்ளியாறு அணைப் பக்கம் கிழக்கே ஓட்டிப் பார்த்தோம். 6 கிலோமீட்டரில் மகள் களைத்துப் போய் ஒரு பனைமரத்தடியில் அமர்ந்துவிட்டாள். திரும்பும்போதோ பாதி மிதித்தும் பாதி மிதிக்காமலுமே வந்து சேர்ந்தாள். வீட்டு வாசலில் இறங்கியதும், மாந்தோப்பு அண்ணன் சொன்னபடி வண்டியில் போய்ச் சைக்கிளில் திரும்பலாம் என்று அவளே சொன்னாள். அதற்கு ஒரே ஒரு நிபந்தனை வைத்திருக்கிறாள்: நாங்கள் புறப்படும் காலையில் பாட்டி மீனாட்சிபுரத்துக்கு வந்து, சைக்கிள் கடை வாசலில் நின்று அவள் ஓட்டுவதைப் பார்க்க வேண்டுமாம். கடைக்கார ஐயா, அன்று ஒரு நாற்காலி மட்டும் வெளியே போட்டு வைக்க வேண்டுகிறேன்.