‘ட்ரிஸ்ட்’: காதலர் சந்திப்பா, மாட்டுச் சந்தையா?

குன்னூர்ப் பலகை

குன்னூர், கோத்தகிரிப் பக்கத்துப் பழைய பங்களா, எஸ்டேட் பெயர்களுக்குத் தமிழில் விளக்கப் பலகை எழுதுகிறோம். ஸ்காட்லாந்திலிருந்து வந்த பெயர்களில் பெரும்பாலானவை சிக்கல் இல்லாமல் முடிந்துவிட்டன. கிளென் என்றால் பள்ளத்தாக்கு, கிரெய்க் என்றால் பாறை, பர்ன் என்றால் ஓடை. ‘ட்ரிஸ்ட்’ (tryst) என்ற பெயரில்தான் மாட்டிக்கொண்டோம்.

கையடக்க அகராதியில் ‘காதலர்களின் இரகசியச் சந்திப்பு’ என்று இருக்கிறது. அதை அப்படியே பலகையில் எழுதினால் ஊரே சிரிக்கும். நேரு 1947 ஆகஸ்ட் 14 நள்ளிரவில் விதியோடு செய்ததாகச் சொன்னதும் இதே சொல்தான். அங்கே காதலுக்கு என்ன வேலை? போதாக்குறைக்கு இன்னொரு அகராதி ‘மாட்டுச் சந்தை’ என்கிறது. மூன்றும் ஒரே சொல்லா, எழுத்து ஒன்றாகி ஒட்டிக்கொண்ட வெவ்வேறு சொற்களா? தமிழில் ட்ரிஸ்ட் என்று எழுதுவதா, ட்ரைஸ்ட் என்றா?

அகராதிப் புழு

மூன்றும் ஒரே சொல்தான். கையடக்க அகராதி கடைசியில் வந்த பொருளை முதலில் போட்டுவிட்டது. அதனால் வந்த குழப்பம் இது.

முதலில் மொழி. ஸ்காட்லாந்து மொழிகளில் ஸ்காட்ஸ் வேறு, கேலிக் வேறு. கேலிக் அயர்லாந்து மொழியின் உறவு. ஸ்காட்ஸ், ஆங்கிலத்துக்கு உடன்பிறப்பு. உங்கள் பட்டியலிலேயே கிளென் கேலிக்கிலிருந்து வந்தது, பர்ன் ஸ்காட்ஸுக்கே உரியது. ட்ரிஸ்ட் இரண்டாவது வகை. கேலிக் அகராதியில் தேடினால் கிடைக்காது.

சொல்லின் தொடக்கம் வேட்டை. பழைய பிரெஞ்சில் ‘ட்ரிஸ்ட்’, ‘ட்ரிஸ்ட்ர்’ என்பது வேட்டைக்காரன் நிற்க வேண்டிய இடம். அன்றைய மான் வேட்டையில் ஆட்களும் நாய்களும் ஒரு பக்கத்திலிருந்து மானைக் கலைத்து ஓட்டுவார்கள். வில்லாளிகள் மறுபக்கத்தில், முன்பே குறித்துக் கொடுத்த இடங்களில் அசையாமல் காத்திருப்பார்கள். ஒருவன் இடம் மாறினால் மான் அந்த இடைவெளியில் தப்பிவிடும், அல்லது பக்கத்து ஆளின் அம்பு இவன்மேல் பாயும். ‘சொன்ன இடத்தில் நில்’ என்பதுதான் அந்தச் சொல்லின் உயிர். 14ஆம் நூற்றாண்டு ஆங்கிலக் கவிதைகளில் இந்தப் பொருள் தெளிவாகவே கிடைக்கிறது. கவிஞர் சாசரின் ட்ராய்லஸ் கதையில் காதலுக்குத் தூது போகிறவன், ‘நீ உன் ட்ரிஸ்டில் ஒட்டி நில், மானை உன் வில்லுக்கு நேராக நான் ஓட்டி வருகிறேன்’ என்ற பொருளில் பேசுகிறான். மான் என்று அவன் சொல்வது யாரை என்று விளக்க வேண்டியதில்லை. வேட்டைச் சொல் காதலை எட்டிப் பார்த்த இடம் அது.

பிரெஞ்சுக்கு இது எங்கிருந்து போனது? பெரும்பாலான அறிஞர்கள் வடக்கே ஸ்காண்டிநேவியாவைக் கைகாட்டுகிறார்கள். பழைய நார்ஸ் மொழியில் ‘நம்பு’, ‘உறுதி செய்’ என்ற பொருள் கொண்ட வினைச்சொல்லோடும், ஆங்கில ‘ட்ரஸ்ட்’டோடும் உறவு சொல்கிறார்கள். ‘துயரம்’ என்று பொருள்படும் இன்றைய பிரெஞ்சு ‘ட்ரீஸ்ட்’ லத்தீனிலிருந்து வந்த வேறு சொல். பிரிவுத் துயரம் என்று கவித்துவமாக அதை இங்கே இணைக்கிறவர்கள் உண்டு. தவறு.

15, 16ஆம் நூற்றாண்டுகளுக்குப் பின் தெற்கே, இங்கிலாந்தில், இந்தச் சொல் ஏறக்குறைய வழக்கொழிந்தது. வடக்கே ஸ்காட்ஸில் செழித்தது. அங்கே அதன் பொருள்கள்: இரு தரப்பு செய்துகொண்ட உடன்பாடு, பேச்சுவார்த்தைக்குக் குறித்த நாள், குறித்த இடம், திருமண நிச்சயம், குறித்த நாளில் கூடும் சந்தை. வினைச்சொல்லாகவும் வரும். செருப்புத் தைப்பவரிடம் ஒரு ஜோடி செருப்பை ‘ட்ரிஸ்ட்’ செய்தால், முன்கூட்டியே சொல்லிவைத்துச் செய்யச் சொன்னதாகப் பொருள். காதலர் சந்திப்பு இந்த வரிசையில் ஒன்று, அவ்வளவே. 19ஆம் நூற்றாண்டில் நாவலாசிரியர் வால்டர் ஸ்காட் போன்றவர்களின் எழுத்து வழியாகச் சொல் ஆங்கிலத்துக்குத் திரும்பியபோது காதலும் நிலவொளியும்தான் கூட வந்தன. செருப்பும் மாடும் வடக்கிலேயே தங்கிவிட்டன.

இனி நேரு. அந்த வாக்கியத்தை முழுதாகப் படியுங்கள். நெடுங்காலம் முன்பு ஒரு ட்ரிஸ்ட் செய்தோம், இப்போது அந்த உறுதிமொழியை நிறைவேற்றும் வேளை வருகிறது என்று போகிறது. பின்பாதியில் ‘உறுதிமொழி’ வருவதால் முன்பாதிச் சொல்லும் உடன்பாடுதான். 1930 ஜனவரி 26 விடுதலை உறுதிமொழியோடு சேர்த்து அதைப் படிப்பவர்களும் உண்டு. ‘விதியுடன் ஒரு சந்திப்பு’ என்ற தமிழாக்கத்தில் பின்பாதி அந்தரத்தில் தொங்குகிறது. சந்திப்பை எப்படி ‘நிறைவேற்றுவது’?

உச்சரிப்பு: இன்றைய ஆங்கிலத்தில் ட்ரிஸ்ட். ஸ்காட்ஸில் ட்ரைஸ்டுக்கு நெருக்கமாக ஒலிக்கும். பலகைக்கு, அந்த வீட்டுக்காரர்களும் ஊராரும் எப்படிச் சொல்கிறார்களோ அப்படி.

மன்னவனூர்க்காரன்

மாட்டுச் சந்தையை ஒரு வரியில் கடந்துவிட்டீர்கள் சார். அதுதான் ருசியான பகுதி.

எடின்பரோவுக்கும் கிளாஸ்கோவுக்கும் நடுவில் ஃபால்கிர்க் என்று ஓர் ஊர். ‘ஃபால்கிர்க் ட்ரிஸ்ட்’ என்றால் 18, 19ஆம் நூற்றாண்டுகளில் ஸ்காட்லாந்தின் மிகப் பெரிய மாட்டுச் சந்தை. அதற்கு முன் அந்தப் பெருமை வடக்கே கிரீஃப் என்ற ஊருக்கு இருந்தது. வாங்குகிறவர்கள் இங்கிலாந்துக்காரர்கள், அவர்களுக்கு வசதி தெற்கு, ஆகவே சந்தையும் தெற்கே நகர்ந்தது. ஃபால்கிர்க்கிலும் இடம் மாறி மாறி, 1785இல் ஸ்டென்ஹவுஸ்மியூர் திடலுக்கு வந்து நிலைத்தது. நாள்: ஆகஸ்ட், செப்டம்பர், அக்டோபர் மாதங்களின் இரண்டாம் செவ்வாய். அக்டோபர்ச் சந்தைதான் பெரியது. காரணம் தீவனம். கோடைப் புல்லில் மாடு கொழுத்திருக்கும், பனிக்காலத்துக்கு வைக்கோல் இருக்காது. விற்காவிட்டால் மாடு மெலியும், சாகும்.

மேட்டுநிலத்திலிருந்தும் தீவுகளிலிருந்தும் மாடுகள் நடந்தே வரும். ஒரு நாளைக்கு 10 முதல் 12 மைல், அதாவது 16 முதல் 19 கிலோமீட்டர். அதற்கு மேல் விரட்டினால் எடை குறையும், எடை குறைந்தால் விலை போகும். ஸ்கை தீவிலிருந்து வரும் மாடுகள் ஒன்றன் வாலில் அடுத்ததன் தாடைக் கயிற்றைக் கட்டி வரிசையாகக் கடலிடுக்கை நீந்திக் கடக்கும். ட்ரிஸ்டில் கைமாறிய பிறகு தெற்கே கெட்டிச் சாலையில் நடக்க வேண்டியவற்றுக்கு லாடம் அடிப்பார்கள். குதிரைக்கு நான்கு லாடம் போதும். மாட்டுக்குக் குளம்பு பிளந்திருப்பதால் எட்டுத் தகடு. நம் வண்டி மாட்டுக்கு லாடம் கட்டுகிறவர்களைக் கேட்டாலும் இதே கணக்குத்தான் சொல்வார்கள். இங்கிலாந்தின் நார்ஃபோக் புல்வெளிகளில் கொழுக்க வைத்து லண்டன் ஸ்மித்ஃபீல்டு சந்தையில் விற்பார்கள்.

இத்தனை தூரத்திலிருந்து விற்கிறவன், வாங்குகிறவன், திடலில் கூடாரம் போட்டுக் கடன் கொடுக்கிற வங்கிக்காரன் எல்லாரும் ஒரே நாளில் வந்து சேர்ந்தால்தான் வியாபாரம். ஒரு வாரம் பிந்தினால் வாங்க ஆளில்லை, மாட்டுக்குப் புல் இல்லை. சந்தைக்கு ‘சொல்லிவைத்த நாள்’ என்று பெயர் வந்ததில் என்ன வியப்பு? பிறகு ரயிலும் நீராவிக் கப்பலும் மாட்டை நேராகத் தெற்கே கொண்டுபோயின, சந்தை தேய்ந்தது. பெயர் மட்டும் அங்குள்ள கோல்ஃப் கிளப்பில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

கூட்டமும் மாடும் ஒரே சொல்லில் சேர்வது நமக்குப் புதிதல்ல. திண்டுக்கல், மதுரைப் பக்கம் மந்தை என்றால் மாட்டுக் கூட்டம், ஊர்ப் பொதுத்திடலும் மந்தைதான். பழந்தமிழில் மன்று என்றால் அவை, பசுத்தொழுவும் மன்றே. உங்கள் நீலகிரியில் தோடர் குடியிருப்பைத் தமிழர் மந்து என்பதும், அது ஊட்டக்கமண்டின் வாலில் நிற்பதும் தெரிந்ததே.

குன்னூர்ப் பலகை

நன்றி. அப்படியானால் பலகையில் ‘சந்தை’ என்று போடலாமா? எஸ்டேட் வழக்கில் ஷாண்டி என்று ஆங்கிலத்துக்கே போன சொல். நம் மலைக்குப் பொருத்தமாகவும் இருக்கும்.

அகராதிப் புழு

வேண்டாம். சந்தை என்பது ஸ்காட்லாந்திலேயே ஒரு கிளைப் பொருள்தான். வீட்டுக்குப் பெயர் வைத்தவர் மாட்டுச் சந்தையை நினைத்திருக்க வாய்ப்பு குறைவு. படிக்கிறவர்களும் அங்கே வாரச் சந்தை கூடியது என்று நினைத்துக் காய்கறிக் கூடையோடு வருவார்கள்.

தினைப்புனம்

தமிழில் இதற்கு இரண்டாயிரம் ஆண்டுப் பழைய சொல் இருக்கும்போது சந்திப்பு, சந்தை என்று ஏன் சுற்றுகிறீர்கள்? குறி. அகப்பாடல்களில் தலைவனும் தலைவியும் கூடுவதென்று குறித்துக்கொண்ட இடம் குறியிடம். பகலில் என்றால் பகற்குறி, இரவில் இரவுக்குறி. தொல்காப்பியம் களவியலில் இதற்கு விதியே இருக்கிறது. பகற்குறி வீட்டுக்குப் புறத்தே, தலைவி அறிந்து வரக்கூடிய இடத்தில். இரவுக்குறி வீட்டு எல்லைக்குள், வீட்டார் பேச்சு காதில் விழும் தொலைவில், ஆனால் வீட்டுக்குள் நுழையாமல்.

அந்த ஏற்பாடு எங்கே பிசகும் என்பதையும் நம்மவர்கள் யோசித்து வைத்திருக்கிறார்கள். தலைவன் வந்துவிட்டதை அறிவிக்க ஓர் ஒலி வேண்டும். நீரில் கல் எறிவான், மரத்தில் உறங்கும் பறவைகளை எழுப்புவான். சில இரவுகளில் காய் தானாக நீரில் விழும், பறவை தானாகக் கலையும். அவள் வந்து பார்ப்பாள், ஆள் இருக்காது, திரும்பிப் போவாள். அதன் பிறகு அவன் உண்மையாகவே வந்து ஒலி எழுப்பினால், இதுவும் காற்றின் வேலை என்று வராமல் இருந்துவிடுவாள். இதற்கு அல்லகுறிப்படுதல் என்று துறைப்பெயரே உண்டு. பகற்குறிக்குக் கெடு தினை அறுவடை. தினைப்புனம் காக்கிற சாக்கில்தான் அவள் வீட்டைவிட்டு வெளியே வருகிறாள். கதிர் கொய்துவிட்டால் காவல் இல்லை, குறியும் இல்லை.

எல்லாம் குறிஞ்சித் திணை, நம் மலைத் திணை. அம்பெய்யக் குறி பார்ப்பதும், கல்யாணத்துக்கு நாள் குறிப்பதும் அதே வேர். புழு அவர்கள் சொன்ன வேட்டை, உடன்பாடு, காதல் மூன்றையும் தாங்கும் ஒரே தமிழ்ச் சொல் இதுதான். வாக்குத் தவறாத குறிக்கு எடுத்துக்காட்டு வேண்டுமென்றால் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சி: 2006, 2018, அடுத்தது 2030.

மன்னவனூர்க்காரன்

அருமை. ஆனால் பலகைக்கு ஆகாது. இன்று ‘குறி’ என்று தனியே எழுதினால் முதலில் குறி சொல்லும் கோடங்கி நினைவுக்கு வருவார், அடுத்து உடலுறுப்பு. ‘குறியிடம்’ கொஞ்சம் தேவலை, இலக்கியம் படித்தவருக்குப் புரியும். சங்கேதம் என்றும் எழுத வேண்டாம். வடமொழியில் அது காதலர் குறித்துக்கொண்ட இடத்துக்கும் சொல்தான், ஆனால் தமிழில் இன்று போலீஸ் கண்டுபிடிக்கும் சங்கேத மொழி ஆகிவிட்டது.

அகராதிப் புழு

ஒத்துக்கொள்கிறேன். கட்டுரைக்குக் குறி, பலகைக்குச் ‘சொல்லிவைத்தல்’. தையற்காரரிடம் சட்டைக்குச் சொல்லிவைக்கிறோம், நாலு பேர் சொல்லிவைத்து ஓரிடத்தில் கூடுகிறோம். ஸ்காட்ஸ் வினைச்சொல்லின் இரண்டு பக்கமும் இதில் அடங்கிவிடுகிறது. தொடர்களையும் இப்படிப் பெயர்க்கலாம்: ‘கீப் ட்ரிஸ்ட்’, சொன்னபடி வந்து சேர்தல். ‘பைட் ட்ரிஸ்ட்’, சொன்ன இடத்தில் காத்திருத்தல். ‘பிரேக் ட்ரிஸ்ட்’, சொல்லிவிட்டு வராமல் போதல். ‘கீப் ட்ரெய்ஸ்ட்’ என்பது ஸ்காட்லாந்தின் ஹெப்பர்ன் குலத்தின் முழக்கம். அங்கே அதை நம்பிக்கை காத்தல் என்றும் படிக்கலாம். வேர் ஒன்றாக இருப்பதன் விளைவு.

மேலும் தோண்ட வேண்டுமானால் இணையத்தில் இலவசமாக இருக்கும் ஸ்காட்ஸ் மொழி அகராதியைத் திறங்கள். அதில் இரண்டு அகராதிகள் சேர்ந்திருக்கின்றன: ஒன்று 1700 வரை, மற்றது 1700க்குப் பின். சந்தைப் பொருளைத் துருவ இரண்டாவதையும் பார்க்க வேண்டும். பலர் முதல் பதிவோடு நிறுத்திவிடுகிறார்கள். பழைய ஸ்காட்ஸில் ஐ (i) எழுத்தும் ஒய் (y) எழுத்தும் ஒன்றுக்கொன்று மாறி வரும், கடைசியில் ஈ (e) எழுத்து ஒட்டும். ஓர் எழுத்துக்கூட்டலில் கிடைக்காவிட்டால் மற்றதில் தேடுங்கள்.

குன்னூர்ப் பலகை

இப்படி எழுதியிருக்கிறோம், பார்த்துச் சொல்லுங்கள்:

ட்ரிஸ்ட்
இன்ன நாள், இன்ன இடம் என்று முன்பே சொல்லிவைத்த இரகசியச் சந்திப்பு. பழைய கேலிக் சொல்.

அகராதிப் புழு

‘இரகசிய’ வெட்டுங்கள். ‘கேலிக்’ எடுத்துவிட்டு ‘ஸ்காட்லாந்தின் ஸ்காட்ஸ் மொழிச் சொல்’ என்று போடுங்கள். பெயரைப் பெரிதாக ஒரே வரியில், விளக்கத்தை அதன் கீழே சிறிதாக. பெயரில் மூன்று புள்ளி இருக்கிறது. முதல் புள்ளி விட்டுப்போனால் ‘டரிஸ்ட்’ ஆகி, டூரிஸ்ட் பங்களா என்று நினைத்து அறை கேட்டு வருவார்கள். பெயிண்டரிடம் முன்பே சொல்லிவையுங்கள்.