சிதறிய ஒளியை வைத்து வடிவம் கண்டுபிடித்த அனுபவம் யாருக்காவது உண்டா?

இயற்பியல் மிஸ்:
பிளஸ் டூ ஆய்வகத்தில் கீற்றணி (நெருக்கமான கோடுகளால் ஒளியை விலக்கிப் பிரிக்கும் தகடு) உடைந்துபோன அன்று, வீட்டிலிருந்த பழைய சிடியைக் கொண்டுபோனேன். 650 நானோமீட்டர் சிவப்பு லேசர், நடுவில் ஓட்டை போட்ட ஒரு சார்ட். ஓட்டை வழியாக ஒளியை விட்டு, ஒரு மீட்டர் தள்ளி சிடியை நேராக நிறுத்தினோம். திரும்பி வந்த முதல் புள்ளி ஓட்டையிலிருந்து 44 சென்டிமீட்டரில் விழுந்தது. கணக்குப் போட்டால் தடங்களுக்கு நடுவே 1.6 மைக்ரோமீட்டர். சிடிக்குச் சொல்லப்படும் அதே எண்! டிவிடியை வைத்தோம், புள்ளியையே காணோம். தேடினால் 1.8 மீட்டர் தள்ளி அலமாரிக் கதவில் இருக்கிறது. அதன் தடங்கள் 0.74 மைக்ரோமீட்டர்தான், நெருக்கம் கூடக்கூடக் கோணம் விரியும்.

கடைசி பெஞ்ச் பையன் ஒருவன் கேட்டான்: "மிஸ், இடைவெளி தெரிஞ்சிடுச்சு. அந்தப் பள்ளம் எவ்வளவு ஆழம், சுவர் நேரா இருக்கா சாய்வா இருக்கான்னு இதுல தெரியுமா?" சரியாகப் பதில் சொல்ல வரவில்லை. இந்த வேலையைச் செய்தவர்கள் யாராவது சொல்லுங்களேன்.

வேஃபர்க்காரன்:
மேடம், அந்தப் பையன் கேட்ட கேள்விக்குத்தான் எனக்குச் சம்பளம் தருகிறார்கள். இடைவெளி கோணத்தில் இருக்கிறது. ஆழமும் சாய்வும் எவ்வளவு வெளிச்சம் வருகிறது என்பதில் ஒளிந்திருக்கின்றன.

சிப் செய்யும் சிலிக்கான் வேஃபரில், அதாவது மெல்லிய வட்டத் தகட்டில், கோடுகள் அவ்வளவு நெருக்கம், பக்கவாட்டுப் புள்ளியே வராது. நேராகப் பிரதிபலிக்கும் ஒளி மட்டும்தான் மிச்சம். அதன் நிறமாலையை எலிப்சோமீட்டரில் (பிரதிபலிப்பில் ஒளியின் முனைவாக்கம் எப்படி மாறுகிறது என்று அளக்கும் கருவி) எடுப்போம். வடிவம் தெரிந்தால் நிறமாலையைக் கணக்கிடலாம், மொகரமும் கேலார்டும் 1981-இல் கொடுத்த முறை இன்றும் ஓடுகிறது. ஆனால் நிறமாலையிலிருந்து வடிவத்துக்குத் திரும்ப நேரான சூத்திரம் கிடையாது. அகலம், உயரம், சுவர்ச் சாய்வு என்று உத்தேசமாக வைத்து, கணக்கிட்டு, அளந்ததோடு ஒப்பிட்டு, மாற்றி, மறுபடி ஒப்பிட்டு... ஜாதகப் பொருத்தம் பார்ப்பது மாதிரிதான்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு சரிவகம் வைத்துப் பொருத்தினேன். இரண்டு வளைகோடுகளும் ஒன்றன்மேல் ஒன்று அப்படியே உட்கார்ந்தன. பெருமையாக அறிக்கை அனுப்பிவிட்டேன். அப்புறம் வேஃபரை வெட்டி எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தார்கள். கோட்டின் அடிப்பகுதி யானைக்கால் மாதிரி விரிந்திருந்தது! என் சரிவகத்தில் பாதத்துக்கு இடமே இல்லை. இல்லாத பாதத்தின் கணக்கை உயரத்தின் தலையில் கட்டிவிட்டு, ஆறு நானோமீட்டர் தப்பான எண்ணை அழகாகக் கொடுத்திருக்கிறது என் மாடல்.

சரி என்று பாதத்தையும் சேர்த்தேன். அது அடுத்த வம்பு. பாதம் கொஞ்சம் அகன்று உயரம் கொஞ்சம் குறைந்தால் நிறமாலை கிட்டத்தட்ட மாறவே இல்லை. கடைசியில் வேஃபரைத் 90 டிகிரி திருப்பி, கோட்டுக்குக் குறுக்கே ஒன்று, கோட்டோடு ஒட்டி ஒன்று என இரண்டு அளவுகளையும் சேர்த்துப் பொருத்திய பிறகுதான் இரண்டும் பிரிந்தன. இன்றைக்கும் யாராவது "பொருத்தம் சூப்பர்" என்றால் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

அரைத்தூக்கம்:
அண்ணா, உங்களுக்காவது உத்தேச வடிவம் ஒன்று இருந்தது. எங்கள் ஆய்வில் அதுவும் இல்லை. சிதறிய ஒளியின் செறிவை மட்டும்தான் உணரி பதிவு செய்யும், அலையின் கட்டம் (முகடும் பள்ளமும் எந்த இடத்தில் வருகின்றன என்ற தகவல்) தொலைந்துவிடும். அதை மீட்க, 1972-இல் கெர்ச்பெர்க்கும் சாக்ஸ்டனும் காட்டிய வழியில் உருவத்துக்கும் சிதறலுக்கும் இடையே அங்கும் இங்குமாக ஃபூரியே மாற்றம் (ஒன்றிலிருந்து மற்றதைக் கணக்கிடும் கணிதம்) செய்துகொண்டே இருக்க வேண்டும்.

1999-இல் அமெரிக்காவின் ப்ரூக்ஹேவன் ஆய்வகத்தில் 100 நானோமீட்டர் தங்கப் புள்ளிகளால் எழுத்துகள் எழுதி, எக்ஸ் கதிர்ச் சிதறலிலிருந்து அவற்றை மீட்டார்கள். அந்த ஆசையில் நானும் உண்மையான மாதிரியைத் தொடுவதற்கு முன் கணினியில் ஒரு 'அ' போட்டுப் பார்த்தேன். விடிய விடிய ஓடியது. காலையில் பார்த்தால் ஒரு 'அ', அதன்மேல் தலைகீழாக இன்னொரு 'அ', யாரோ மிதித்துவிட்டுப் போன கோலம் மாதிரி. நிரலில் பிழை என்று இரண்டு நாள் தேடினேன். பிழை இல்லை. நேரான உருவமும் 180 டிகிரி திருப்பிய உருவமும் ஒரே செறிவைத்தான் தரும், எதைத் தேர்வது என்று தெரியாமல் இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. எழுத்து இருக்கக்கூடிய இடத்தைச் சில சுற்றுகளுக்கு மட்டும் முக்கோணமாகச் சுருக்கியதும் சமச்சீர் உடைந்து, ஒரே ஒரு 'அ' மிஞ்சியது. தலைகீழாகத்தான். கணினித் திரையைத் திருப்பிவிட்டுத் தூங்கப் போனேன்.

இயற்பியல் மிஸ்:
அந்தப் பையனிடம் இதையெல்லாம் காட்டினேன். "அப்போ 54 டிகிரியில ரெண்டாவது புள்ளி வருமே மிஸ், முதல் புள்ளியோட அதன் வெளிச்சத்தை ஒப்பிட்டா ஆழம் தெரியுமா?" என்கிறான். திங்கட்கிழமை லக்ஸ் மீட்டர் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். வேஃபர்க்காரரே, மாடலில் பாதம் வைக்க வேண்டுமா?