தோண்டுகிறவர் பலர், அனுமதிப்பவர் ஒருவர்: இங்கிலாந்துச் சாலைகளில் நெரிசலுக்கு யார் பொறுப்பு?

டபுள்டெக்கர்:
பஸ் ஓட்டுகிறவன் கேட்கிறேன், சட்டம் தெரிந்தவர்கள் பதில் சொல்லுங்கள். என் வழித்தடத்தில் ஒரே பிரதான சாலையை ஒரே வருடத்தில் மூன்று பேர் தோண்டிவிட்டார்கள். முதலில் தண்ணீர்க் குழாய், அப்புறம் எரிவாயு, இப்போது இணையத்துக்கான ஃபைபர் கேபிள். ஒவ்வொரு தடவையும் தற்காலிக சிக்னல், ஒற்றைத் தடம், பின்னால் நீளமாக வண்டிகள். 2004-ஆம் ஆண்டின் போக்குவரத்து மேலாண்மைச் சட்டம் இதையெல்லாம் ஒருங்கிணைக்கத்தான் வந்தது என்கிறார்கள். உள்ளாட்சி நிர்வாகமான கவுன்சிலும் தோண்டுவதற்கான பர்மிட்டுக்குக் காசு வாங்குகிறது. வாங்கிக்கொண்டு என்ன செய்கிறது? ஒரு சாலையை ஒருவர் தோண்டி மூடினால் அடுத்த ஐந்து வருடத்துக்கு யாரும் தொடக்கூடாது என்று ஒரே வரியில் சட்டம் போட்டால் முடிந்தது என்பது என் கட்சி.

நகராட்சிக்காரன்:
ஒரு கவுன்சிலில் சாலைப்பணி ஒருங்கிணைப்புப் பிரிவில் இருக்கிறேன். ஒரே வரியில் முடியாது.

தண்ணீர், மின்சாரம், எரிவாயு, தொலைத்தொடர்பு நிறுவனங்களுக்குச் சாலையைத் தோண்டும் உரிமையைத் தந்தது கவுன்சில் இல்லை, நாடாளுமன்றம். எங்களால் தேதியை மாற்றச் சொல்ல முடியும், நேரத்துக்கு நிபந்தனை போட முடியும், ஆனால் 'தோண்டவே கூடாது' என்று காலத்துக்கும் மறுக்க முடியாது. 1991-ஆம் ஆண்டின் புதிய சாலைகள் மற்றும் தெருப்பணிகள் சட்டத்தில் பிரிவு 59 ஒருங்கிணைக்கும் கடமையை எங்கள் தலையில் வைக்கிறது. பிரிவு 60 ஒத்துழைக்கும் கடமையை நிறுவனங்கள் தலையில் வைக்கிறது. 2004 சட்டம் அதற்கு மேல் பிரிவு 16-ஐச் சேர்த்தது: போக்குவரத்து தடையின்றி நகரப் பார்த்துக்கொள்வது கவுன்சிலின் கடமை, அதற்கென ஒரு போக்குவரத்து மேலாளரும் இருக்க வேண்டும். பர்மிட் முறையும் அந்தச் சட்டத்தில் பிறந்ததுதான். லண்டனிலும் பக்கத்து கென்ட் மாவட்டத்திலும் 2010-இல் தொடங்கியது.

நீங்கள் கேட்கும் தடையும் ஏற்கெனவே இருக்கிறது. 1991 சட்டத்தின் பிரிவு 58. ஒரு சாலையை நாங்கள் பெரிய அளவில் புதுப்பித்தால், வேலையின் தன்மையைப் பொறுத்துச் சில மாதம் முதல் சில வருடம் வரை தோண்டுவதைத் தடை செய்யலாம். ஆனால் அவசர வேலைக்கும் வாடிக்கையாளருக்குப் புது இணைப்பு கொடுப்பதற்கும் விலக்கு உண்டு. வைத்துத்தான் ஆக வேண்டும். புது வீட்டுக்காரரிடம் 'இன்னும் மூன்று வருடத்துக்குத் தண்ணீர் கிடையாது' என்று யார் போய்ச் சொல்வது?

மஞ்சள்ஜாக்கெட்:
மறுபக்கத்துக் கதையையும் கேளுங்கள். நான் குழாய் பதிக்கும் ஒப்பந்ததாரரிடம் வேலை செய்கிறேன். இந்தத் திரியைப் பார்த்தால் நாங்கள் பொழுதுபோகாமல் தோண்டுவது போல் இருக்கிறது.

பெரிய வேலை என்றால் மூன்று மாதத்துக்கு முன்பே விண்ணப்பம். அப்புறம் பர்மிட் கட்டணம், பரபரப்பான சாலையில் பெரிய வேலைக்கு 240 பவுண்டு வரை. வேலையிடத்து அறிவிப்புப் போர்டில் ஒரு எண் விட்டுப்போனாலும் அபராதம். கவுன்சில் தன் சாலையைத் தானே தோண்டினால்? பர்மிட் உண்டு, கட்டணம் கிடையாது. நெரிசலில் நிற்கிற பஸ்ஸுக்கு அது யார் வெட்டிய குழி என்று தெரியுமா?

'எல்லோரும் ஒன்றாகத் தோண்டுங்கள்' என்பது சொல்வதற்கு நன்றாக இருக்கிறது. தொலைபேசிக் கேபிள் நடைபாதையில் மேலாக ஓடும், தண்ணீர்க் குழாய் பனிக்கு உறையாமல் இருக்க குறைந்தது 750 மில்லிமீட்டர் ஆழத்தில் போகும். எரிவாயுவுக்கும் மின்சாரத்துக்கும் நடுவே இடைவெளி வேண்டும். ஒரே பள்ளத்தில் நான்கு நிறுவனத்தின் ஆட்கள் இறங்க முடியாது, ஒருவர் முடித்த பிறகுதான் அடுத்தவர். மொத்த நாள் நீங்கள் நினைக்கிற அளவுக்குக் குறையாது.

கணக்குப்பிள்ளை:
மஞ்சள்ஜாக்கெட் நண்பரே, 240 பவுண்டு என்று அழுகிறீர்கள். பிரதான சாலையில் ஒரு தடத்தை இரண்டு வாரம் அடைத்து வைப்பதற்கு 240 பவுண்டு! அதே இடத்தில் ஒரு கார் நிறுத்த இரண்டு வாரத்துக்கு என்ன ஆகும் என்று பாருங்கள்.

இங்கே உண்மையான கோளாறு விலைதான். பஸ்ஸில் உட்கார்ந்திருக்கும் நாற்பது பேர் இழக்கும் நேரம் எந்த நிறுவனத்தின் கணக்கிலும் செலவாக ஏறுவதில்லை. ஏறாத செலவை யார் குறைப்பார்கள்? பர்மிட் கட்டணம் இதைச் சரிசெய்யாது, அது விண்ணப்பத்துக்கான கட்டணம். அதனால்தான் தட வாடகை வந்தது. லண்டன் போக்குவரத்துத் துறை 2012 ஜூனில் தொடங்கியது, அடுத்த வருடம் கென்ட். நெரிசல் மிகுந்த சாலையில், நெரிசல் நேரத்தில் தடத்தைப் பிடித்தால் நாளுக்கு 2,500 பவுண்டு வரை. இரவில் செய்தாலோ, நெரிசல் நேரத்தில் குழியின் மேல் இரும்புத் தகடு போட்டுத் தடத்தைத் திறந்துவிட்டாலோ கட்டணத்தைத் தவிர்க்கலாம். யாரும் கட்டாமல் தவிர்க்க வேண்டும் என்பதுதான் இந்தத் திட்டத்தின் ஆசையே.

டபுள்டெக்கர்:
இரவு வேலை என்றதும் ஞாபகம் வருகிறது. இரவுப் பணி முடித்துப் பகலில் தூங்குகிறவன் நான், எனக்குப் பிரச்சினை இல்லை. ஆனால் அந்தச் சாலையில் குடியிருப்பவர்கள்?

மஞ்சள்ஜாக்கெட்:
அதேதான். ஒரே கவுன்சிலில் சாலைப் பிரிவு இரவில் செய் என்கிறது, சத்தத்தைக் கவனிக்கும் சுகாதாரப் பிரிவு இரவில் கம்ப்ரஸரை அணை என்கிறது. இரண்டு பேருக்கும் நாங்களே நடுவில் நின்று பஞ்சாயத்து செய்ய வேண்டும். பல தார் ஆலைகள் இரவில் திறப்பதே இல்லை, சூடான தார் இல்லாமல் எப்படி மூடுவது? தகடு போடுவதும் எல்லாக் குழிக்கும் சரிவராது. அகலமான குழி, வேகமான சாலை என்றால் தகடு நகரும், ஸ்கூட்டர்காரர் வழுக்குவார்.

2,500 பவுண்டு எங்கே போய்ச் சேரும் என்று நினைக்கிறீர்கள்? உங்கள் தண்ணீர் பில்லில்.

வரைபடப்பிரியன்:
நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். நீங்கள் எல்லோரும் திட்டமிட்ட வேலையைப் பற்றியே பேசுகிறீர்கள். இன்னொரு கதவு அகலத் திறந்திருக்கிறது: 'உடனடி வேலை'. குழாய் வெடித்தால் முதலில் தோண்டலாம், தொடங்கி இரண்டு மணி நேரத்துக்குள் பர்மிட் கேட்டால் போதும். இது அவசியமான விதி, மறுக்கவில்லை. ஆனால் மூன்று மாதக் காத்திருப்பைத் தாண்டுவதற்குச் சுமாரான கசிவையும் 'அவசரம்' என்ற பெட்டியில் போடுகிற ஆசை யாருக்கும் வரும். கவுன்சிலுக்குத் தெரியும்போது தடுப்பு வைத்தாகிவிட்டது, சாலை அடைபட்டாகிவிட்டது.

திட்டமிட்ட வேலையில் 'முன்கூட்டியே தெரியாது' என்று நிறுவனங்கள் சொல்வதை நான் நம்புவதில்லை. வீடுகளுக்கு 30 மீட்டருக்குள் இருக்கும் பழைய வார்ப்பிரும்பு எரிவாயுக் குழாய்களை மாற்றும் திட்டம் 2002-இல் தொடங்கியது, 2032-இல் முடிய வேண்டும். முப்பது வருடத் திட்டம்! எந்தத் தெருவில் எந்தக் குழாய் என்று அவர்களுக்குத் தெரியும். தண்ணீர் நிறுவனங்களும் ஐந்தாண்டுத் திட்டத்தை ஒழுங்குமுறை ஆணையத்திடம் கொடுத்துத்தான் செலவுக்கு அனுமதி வாங்குகின்றன. சிக்கல் என்னவென்றால் தண்ணீருக்கு ஒரு ஆணையம், எரிவாயுவுக்கும் மின்சாரத்துக்கும் ஒன்று, தொலைத்தொடர்புக்கு இன்னொன்று. ஒவ்வொன்றின் கால அட்டவணையும் வேறு. ஒருவருக்குப் பணம் வரும் வருடத்தில் அடுத்தவருக்கு வராது. இதைப் பர்மிட் கொடுக்கும் அதிகாரி எப்படி ஒருங்கிணைப்பார்?

நகராட்சிக்காரன்:
வரைபடப்பிரியன் சொன்னது என் அன்றாடம். ஒருங்கிணைப்புக் கூட்டத்துக்கு நிறுவனங்கள் வருடாந்தரப் பட்டியல் கொண்டுவரும். அதில் சாலைப் பெயரும் 'அடுத்த நிதியாண்டு' என்ற இரண்டு சொல்லும் இருக்கும். அதை வைத்து நான் யாரை யாரோடு சேர்ப்பது? ஃபைபர் நிறுவனங்கள் இன்னும் மோசம். போட்டியாளருக்குத் தெரிந்துவிடும் என்று எந்தத் தெரு என்பதையே கடைசி வரை சொல்வதில்லை. இத்தனைக்கும் பழைய தொலைபேசி வலையமைப்பை நடத்தும் ஓப்பன்ரீச்சின் டக்டையும் (கேபிள் போகும் நிலத்தடிக் குழாய்) கம்பங்களையும் மற்ற நிறுவனங்கள் வாடகைக்கு எடுக்கலாம் என்று தொலைத்தொடர்பு ஆணையமான ஆஃப்காம் விதி போட்டிருக்கிறது. டக்ட் நிரம்பியிருந்தாலோ உடைந்திருந்தாலோ தோண்டட்டும். அது இல்லாத இடத்திலும் தோண்டத்தான் வருகிறார்கள்.

பர்மிட் கட்டணம் கொள்ளை என்று டபுள்டெக்கர் அண்ணா நினைப்பது போலத் தெரிகிறது. அந்த வருமானம் பர்மிட் திட்டத்தை நடத்தும் செலவைத் தாண்டக்கூடாது என்று சட்டமே சொல்கிறது. லாபம் பார்க்க வழியில்லை. எங்களுக்குக் கட்டணம் இல்லை என்பது சரி, ஆனால் இடது பையிலிருந்து வலது பைக்குக் காசு மாற்றுவதால் எந்தச் சாலையும் திறக்காது. எங்கள் வேலைக்கும் அதே விண்ணப்பம், அதே நிபந்தனை.

கணக்குப்பிள்ளை:
அதே நிபந்தனை என்று காகிதத்தில் இருக்கிறது. தன் சகாவின் விண்ணப்பத்தை எத்தனை அதிகாரிகள் மறுக்கிறார்கள்? விடுங்கள், அது வேறு சண்டை.

வார இறுதியைப் பற்றி யாரும் பேசவில்லையே. 1991 சட்டத்தின் பிரிவு 74-ன்படி, ஒப்புக்கொண்ட நாளைத் தாண்டி சாலையைப் பிடித்து வைத்தால் நாளுக்கு 10,000 பவுண்டு வரை கட்டணம். கேட்க நன்றாக இருக்கிறது, இல்லையா? ஆனால் கணக்கில் வந்தது வேலைநாள் மட்டுமே. வெள்ளிக்கிழமை முடிய வேண்டியது முடியாவிட்டால் சனி, ஞாயிறு முழுவதும் தடுப்பு இலவசமாக நிற்க முடிந்தது. கடைத்தெருவுக்கு அந்த இரண்டு நாள்தான் வியாபாரமே. வார இறுதிக்கும் வங்கி விடுமுறைக்கும் இதை நீட்டிப்போம், பர்மிட் விதியை மீறினால் விதிக்கும் 120 பவுண்டு அபராதத்தை 240 ஆக்குவோம் என்று அரசு 2025 ஜனவரியில்தான் அறிவித்தது. 1991 சட்டத்துக்கு இது தோன்ற இத்தனை காலம்!

டபுள்டெக்கர்:
இது எனக்குத் தெரியாது. ஆளே இல்லாத தடுப்பைச் சுற்றி ஞாயிற்றுக்கிழமை வண்டியை நெளித்து ஓட்டியதன் காரணம் இப்போதுதான் புரிகிறது. மஞ்சள்ஜாக்கெட், ஒன்று கேட்கட்டுமா? கோபப்படாதீர்கள். தடுப்பு இருக்கும், சிக்னல் எரியும், குழிக்குள் யாருமே இருக்க மாட்டார்கள். ஏன்?

மஞ்சள்ஜாக்கெட்:
கோபம் இல்லை. எல்லோரும் கேட்பதுதான்.

புது தண்ணீர்க் குழாய் என்று வையுங்கள். பதித்ததும் தண்ணீர் விட முடியாது. அழுத்தச் சோதனை, பிறகு குளோரின் போட்டுக் கழுவல், பிறகு மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்பி முடிவு வரக் காத்திருத்தல். அதுவரை இணைப்புக் குழி திறந்தே இருக்கும், செய்ய வேலை இருக்காது. கான்கிரீட் போட்டால் இறுகும் வரை வண்டி ஏறக்கூடாது. இது ஒரு வகை.

இன்னொரு வகை இருக்கிறது, அதற்கு நான் வக்காலத்து வாங்கமாட்டேன். தோண்டுகிற அணி வேறு, மூடுகிற அணி வேறு, தடுப்பையும் சிக்னலையும் எடுக்க வருகிறவர் மூன்றாவது நிறுவனம். மூடும் அணி ஒரு நாளில் பல குழிகளைச் சேர்த்து மூடினால்தான் கட்டுப்படியாகும், அதனால் உங்கள் குழி வரிசையில் காத்திருக்கும். வேலை முடிந்த பிறகும் சிக்னலை எடுக்க வண்டி வரவில்லை என்று நின்ற சாலைகளை நானே பார்த்திருக்கிறேன். இதை ஒப்பந்தம் எழுதுகிறவர் மாற்ற வேண்டும், குழியில் நிற்பவனைத் திட்டிப் பயனில்லை.

வரைபடப்பிரியன்:
கீழே என்ன இருக்கிறது என்று தெரியாமல் தோண்டுவதும் நாளை இழுக்கிறது. பிரிட்டனில் வருடத்துக்குச் சுமார் 40 லட்சம் குழிகள், அதில் ஏறக்குறைய 60,000 தடவை தவறுதலாக யாரோ ஒருவரின் குழாயோ கேபிளோ அடிபடுகிறது என்பது அரசு சொல்லும் கணக்கு. மூன்று நாள் வேலை அங்கே பத்து நாள் ஆகும், அடிபட்ட குழாய்க்காரர் 'உடனடி வேலை' என்று வந்து நிற்பார். எல்லா நிறுவனங்களின் நிலத்தடி வரைபடங்களையும் ஒரே இடத்தில் காட்டும் தேசியப் பதிவேட்டுக்கு 2025-ஆம் ஆண்டுத் தரவுச் சட்டம் சட்டபூர்வ அடித்தளம் போட்டிருக்கிறது. இங்கிலாந்தின் பர்மிட்டுகள் 2020 ஜூலை முதல் ஸ்ட்ரீட் மேனேஜர் என்ற ஒரே அமைப்பில் இருக்கின்றன. மேலே என்ன நடக்கிறது, கீழே என்ன கிடக்கிறது, இரண்டையும் ஒரே திரையில் பார்க்க முடிந்தால் என் பாதிக் குறை தீர்ந்துவிடும்.

லண்டனில் சட்டன் பக்கம் பெடிங்டன் லேனில் பல நிறுவனங்கள் சேர்ந்து வேலை செய்தார்கள். அதனால் முடியாது என்று சொல்லாதீர்கள்.

மஞ்சள்ஜாக்கெட்:
முடியாது என்று சொல்லவில்லையே. லண்டன் மேயர் அலுவலகத்தில் அதற்கென்றே ஆட்களை வைத்து, ஒவ்வொரு நிறுவனத்தையும் மேசைக்கு இழுத்து வந்தார்கள். சாதாரண கவுன்சிலில் அந்த ஆள் எங்கே?

சேர்ந்து தோண்டினால் மூடிய சாலைக்கு யார் உத்தரவாதம்? சாதாரணக் குழிக்கு இரண்டு வருடம், ஆழமான குழிக்கு மூன்று வருடம் நாங்கள் பொறுப்பு. இன்னொருவர் சரியாக இறுக்காமல் மண் போட்டு, மேலே நாங்கள் தார் போட்டு, அடுத்த குளிர்காலத்தில் அது உள்வாங்கினால் பில் யாருக்கு வரும்?

நகராட்சிக்காரன்:
ஒருவர் முதன்மைப் பொறுப்பாளராக விண்ணப்பிக்க வேண்டும், மற்றவர்கள் அவருக்குக் கீழே வர வேண்டும். நடைமுறை இருக்கிறது. சேர்ந்து விண்ணப்பித்தால் பர்மிட் கட்டணத்தில் 30% தள்ளுபடியும் உண்டு.

மஞ்சள்ஜாக்கெட்:
240-இல் 30% என்றால் 72 பவுண்டு. இரண்டு நிறுவனத்துக்கு நடுவே பொறுப்பைப் பிரித்து ஒப்பந்தம் எழுதச் சொன்னால், 72 பவுண்டுக்கு எங்கள் வக்கீல் மின்னஞ்சலைத் திறந்துகூடப் பார்க்கமாட்டார்.

கணக்குப்பிள்ளை:
நன்றி, என் வாதத்தை நீங்களே முடித்துக் கொடுத்தீர்கள். தட வாடகை இருக்கும் சாலையில் இரண்டு பேர் சேர்ந்து ஐந்து நாளை மிச்சப்படுத்தினால் 12,500 பவுண்டு வரை மிச்சம். அந்தத் தொகைக்கு வக்கீல் நேரிலேயே வருவார்.

டபுள்டெக்கர்:
என் வழித்தடத்துச் சாலையில் தட வாடகை இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

நகராட்சிக்காரன்:
ஊர் சொல்லுங்கள் அண்ணா, பார்த்துச் சொல்கிறேன். ஆனால் இங்கிலாந்தில் பெரும்பாலான கவுன்சில்களில் அந்தத் திட்டமே கிடையாது. எங்களிடமும் இல்லை. விண்ணப்பம் தயாரிக்க ஆள் வேண்டும் என்று கேட்டிருக்கிறோம்.