டூபேஜ் கவுண்டி: ஆளெல்லாம் எங்கே?

நெல்லைக்காரன்

அப்பா ஊரில் கிராம நிர்வாக அலுவலராக இருந்து ரிடையர் ஆனவர். கோடையில் வந்திருந்தபோது, சிகாகோவுக்கு மேற்கே இருக்கும் எங்கள் டூபேஜ் கவுண்டியில் (நம் ஊர் மாவட்டம் மாதிரி) ஆக்டன் அவென்யூவில் கிழக்குப் பக்கமாக ஓட்டிப் போனேன். நேப்பர்வில், லைல், டவுனர்ஸ் குரோவ், வெஸ்ட்மான்ட் என்று பலகை மட்டும் மாறிக்கொண்டே வந்தது. நடுவில் வயலும் இல்லை, குளமும் இல்லை, பொட்டலும் இல்லை. கார் ஷோரூம், மெத்தைக் கடை, பெட்ரோல் பங்க், மறுபடி கார் ஷோரூம்.

வெஸ்ட்மான்ட் சிக்னலில் நிற்கும்போது அப்பா கேட்டார்: "ஏம்ப்பா, எல்லைக்கல்லே இல்லாம ஒரு ஊரு முடிஞ்சு இன்னொண்ணு எப்படி ஆரம்பிக்கும்?" பச்சைப் பலகையைக் காட்டினேன். திருப்தி இல்லை. சிக்னலில் நின்ற கார்களை எண்ணுவதுபோலப் பார்த்துவிட்டு, "இவ்வளவு காரு போகுது, தெருவுல ஒரு ஆளக் காணோம். ஆளெல்லாம் எங்க? நீ யாருக்கு வரி கட்டுத?" என்றார்.

வரிக் கேள்விக்கு வீட்டில் பில்லை எடுத்துக் காட்டினேன். கவுண்டி, அதன் உட்பிரிவான டவுன்ஷிப், நகரம், பள்ளி மாவட்டம், பூங்கா மாவட்டம், நூலகம், வனப் பாதுகாப்பு மாவட்டம் என்று ஒவ்வொரு வரியையும் விரல் வைத்துப் படித்தார். "ஒரு வீட்டுக்கு இத்தனை கர்ணமா!" மற்ற இரண்டு கேள்விக்கும் இன்னும் எனக்குப் பதில் தெரியவில்லை. உங்களுக்கும் இப்படி ஏதாவது நடந்திருந்தால் சொல்லுங்கள்.

கணக்கு_வாத்தியார்

"ஆளெல்லாம் எங்க" என்று உங்கள் அப்பா கேட்டது சரியான கேள்வி. எங்கள் வீட்டுக்கு வந்த நாகர்கோவில் சித்தப்பாவும் இதையேதான் கேட்டார், அதனால் ஒரு ராத்திரி உட்கார்ந்து கணக்குப் போட்டேன். டூபேஜில் 2020 கணக்கெடுப்பின்படி 9,32,877 பேர். நிலப்பரப்பு ஏறக்குறைய 848 சதுர கிலோமீட்டர். அதாவது சதுர கிலோமீட்டருக்குச் சுமார் 1,100 பேர். 2011 கணக்கில் கன்னியாகுமரி மாவட்டத்தின் நெருக்கம் 1,111.

சித்தப்பா நம்பவே இல்லை. "வடசேரி பஸ் ஸ்டாண்டுக்கு வந்து சொல்லு" என்றார். ஆட்கள் இருக்கிறார்கள். எல்லோரும் கராஜுக்குள், காருக்குள், பின்பக்கத் தோட்டத்துக்குள் இருக்கிறார்கள். வாசல் திண்ணை இல்லாத ஊரில் தெருவில் யார் நிற்பார்கள்?

ஃபாக்ஸ்_நதிக்கரை

வாத்தியார் கணக்கில் ஓட்டை. குமரி மாவட்டத்தில் பெரிய பங்கு மலையும் காடும். அதைக் கழித்தால் மிச்ச நிலத்தில் நெருக்கம் எங்கேயோ போய்விடும். ரெண்டும் ஒன்று என்று சொல்லக் கூடாது.

என் அனுபவம் சின்னதுதான். நான் இருப்பது அரோரா. இந்த ஒரு நகரம் கேன், டூபேஜ், கெண்டல், வில் என்று நான்கு கவுண்டிகளில் கிடக்கிறது. பையனின் பள்ளி 204ஆம் மாவட்டம். அதில் அரோராவும் உண்டு, நேப்பர்விலும் உண்டு, போலிங்புரூக், பிளெயின்ஃபீல்டில் கொஞ்சமும் உண்டு. கிரிக்கெட் விளையாட வந்த ஐந்து பையன்களிடம் எந்த ஊர் என்று கேட்டேன். ஆளுக்கொரு பதில் வந்தது. எல்லோரும் ஒரே பஸ்ஸில் இறங்கியவர்கள்! கடைசிப் பையன் மட்டும் யோசித்து, "எங்க சப்டிவிஷன் பேர் சொல்லட்டுமா அங்கிள்?" என்றான். சப்டிவிஷன் என்றால் வீட்டுக் காலனி. அதைவிடச் சரியான பதில் இல்லை.

கணக்கு_வாத்தியார்

காட்டைக் கழிக்கிறீர்கள் என்றால் இங்கேயும் கழியுங்கள். 1915இல் தொடங்கிய வனப் பாதுகாப்பு மாவட்டத்தின் கையில் சுமார் 26,000 ஏக்கர் இருக்கிறது. கவுண்டியில் எட்டில் ஒரு பங்கு. அப்புறம் ஆர்கான், ஃபெர்மிலேப் என்ற ஆராய்ச்சிக்கூடங்கள், மார்ட்டன் ஆர்போரேட்டம் என்ற மரத் தோட்டம். எல்லாவற்றையும் கழித்துவிட்டு வாருங்கள், பேசலாம்.

லைல்_அக்கா

சண்டை போடாதீர்கள். காடு என்றதும் நினைவு வந்தது. வாரன்வில் பக்கம் பிளாக்வெல் வனப் பகுதியில் மவுண்ட் ஹோய் என்று ஒரு குன்று உண்டு. தட்டையான இந்தக் கவுண்டியில் ஏறி மூச்சு வாங்க நல்ல இடம். குளிர்காலத்தில் பிள்ளைகள் டியூபில் சறுக்குவார்கள். வானம் தெளிவாக இருந்தால் உச்சியிலிருந்து சிகாகோவின் கட்டடங்கள் தெரியும்.

மாமியாரை அழைத்துப் போனேன். ஊரில் மலை என்றால் உச்சியில் முருகன் இருப்பார் என்ற நினைப்பில் ஏறியவர், மேலே வந்ததும், "கோயில் எங்கேம்மா?" என்றார். கோயில் இல்லை அத்தை, இது 1965 முதல் 1973 வரை கொட்டிய குப்பை, மேலே களிமண் போட்டு மூடிப் புல் வளர்த்திருக்கிறார்கள் என்றேன். அடுத்த நொடி சேலைத் தலைப்பை மூக்கில் வைத்துக்கொண்டார். வாடை ஒன்றும் கிடையாது! இறங்கி கார் கதவைச் சாத்தும்வரை எடுக்கவில்லை. அந்த இடம் பின்னால், நச்சுக் கழிவு இடங்களுக்கான அரசின் சூப்பர்ஃபண்ட் பட்டியலில் ஏறியது என்பதை இன்றுவரை அவரிடம் சொல்லவில்லை.

அதே பிளாக்வெல்லில் 1977இல் கம்பளி யானையின் எலும்புக்கூடும் கிடைத்தது. அதைச் சொல்லியிருந்தால் பிள்ளையாராவது வந்திருப்பார்.

பழைய_ஆள்_90

நீங்கள் எல்லோரும் நிரம்பிய பிறகு வந்தவர்கள். நான் வந்தபோது 59ஆம் நம்பர் ரோட்டுக்கு மேற்கே சோளம்தான். 1958இல் டோல்வே (கட்டணச் சாலை) வந்தது, 1966இல் நேப்பர்வில் இண்டியன் ஹில்லில் பெல் லேப்ஸ் என்ற தொலைபேசி ஆராய்ச்சிக்கூடம் வந்தது, அதன் பின்னால் நாங்கள் வந்தோம். 1990இல் நேப்பர்வில்லில் 85,351 பேர், 2000இல் 1,28,358.

என்னை உறுத்துவது 1996 ஜூலை மழை. 17, 18 தேதிகளில் அரோராவில் 24 மணி நேரத்தில் 16.91 அங்குலம். இலினாய் மாநிலத்துக்கே சாதனை. கரண்ட் போய், பேஸ்மெண்ட் தண்ணீரை இறைக்கும் சம்ப் பம்ப் நின்றது. டார்ச் அடித்துக்கொண்டு பேஸ்மெண்ட் படியில் நின்றேன். டீப் ஃப்ரீசர் மெதுவாகத் திரும்பித் திரும்பி மிதந்தது. கோயம்புத்தூரிலிருந்து கொண்டுவந்த கிரைண்டர் மட்டும் வைத்த இடத்தில் அசையாமல் தண்ணீருக்கடியில். மனைவி மேலிருந்து கேட்ட ஒரே கேள்வி: "கிரைண்டர் இருக்கா?"

ஆறு தூரத்தில்தானே இருக்கிறது என்று வீடு விற்றவர் சொல்லியிருந்தார். டூபேஜ் ஆற்றுக்குக் கிழக்கு, மேற்கு என்று இரண்டு கிளை. அது போக வடகிழக்கில் சால்ட் கிரீக். மழை இறங்க வேண்டிய மண் முழுக்கக் கூரையும் தாரும் ஆனபின், ஆறு தூரத்தில் இருந்தால் என்ன, பக்கத்தில் இருந்தால் என்ன? 1987 வெள்ளத்துக்குப் பிறகு எல்ம்ஹர்ஸ்டில் பழைய கல்குவாரியையே வெள்ளநீர்த் தேக்கமாக்கினார்கள். அது சால்ட் கிரீக் பக்கத்துக்கு. எங்கள் பக்கத்துக்கு உதவாது.

வீட்டன்_வாசி

2020 கணக்கெடுப்பில் வீடு வீடாகப் போனேன். ஒரு பழைய பண்ணை வீடு, சுற்றிலும் புது வீடுகள். வலைக்கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு வயதான அம்மா, இந்தப் பக்கம் மாஸ்க்கோடு நான். வேலை முடிந்து கிளம்பும்போது, "நான் பிறந்தப்போ இந்தக் கவுண்டி மொத்தமும் எத்தனை பேர் தெரியுமா?" என்று கேட்டார். 1940இல் 1,03,480. வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொண்டேன். 1980இல் 6,58,835 ஆகிவிட்டது. கடைசி 20 வருடத்தில்தான் 30,000கூட ஏறவில்லை, இடமே இல்லை.

வலையில் விரலை வைத்து எதிர்வீட்டு கராஜைக் காட்டி, "அங்கதான் எங்க பசு நிக்கும்" என்றார். எதிர்வீட்டுக்காரர் பெயர் அவருக்குத் தெரியவில்லை.

ஃபாக்ஸ்_நதிக்கரை

கணக்கெடுப்பு வேலையில் சேரும்போது ஆயுள் முழுக்க இரகசியம் காப்பதாக உறுதிமொழி எடுப்பீர்களே? பண்ணை வீடு, வயது, வீட்டன் என்று இவ்வளவு விவரம் எழுதுகிறீர்கள்.

வீட்டன்_வாசி

படிவத்தில் பசுவுக்குக் கட்டம் இல்லை சார். அடையாளம் தெரியும்படி எதையும் எழுதவில்லை. நான் போன ஊர் வீட்டன் என்றும் எங்கும் சொல்லவில்லை, அது என் ஊர்.

டாக்ஸ்_மணி

எனக்குப் பெரிய அனுபவம் இல்லை, ஆனால் வீடு பார்க்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். விலாசத்தில் நேப்பர்வில் என்று இருந்தால் டூபேஜ் என்று நினைக்காதீர்கள். தெற்குப் பகுதி வில் கவுண்டி. தபால் விலாசம் வேறு, நகர எல்லை வேறு, பள்ளி எல்லை வேறு. விற்பவரிடம் பழைய வரி பில்லைக் கேளுங்கள். டூபேஜ் என்றால் பார்சல் நம்பரின் (மனை எண்) முதல் இரண்டு இலக்கம் டவுன்ஷிப்பைச் சொல்லும்: 07 நேப்பர்வில், 08 லைல், 05 மில்ட்டன். மதிப்பீடு செய்வது டவுன்ஷிப் அசெஸர், பணம் வாங்குவது வீட்டனில் உள்ள கவுண்டி. ஜூனிலும் செப்டம்பரிலும் இரண்டு தவணை. மதிப்பீடு அதிகம் என்று தோன்றினால் முதலில் அசெஸரிடம் பேசுங்கள், பக்கத்து வீடுகள் விற்ற விலையோடு போங்கள், "என் நண்பர் வீட்டுக்குக் குறைவு" என்று மட்டும் சொல்லாதீர்கள். எந்த நகரத்திலும் சேராத துண்டு நிலங்களும் நடுநடுவே உண்டு. அங்கே வீடு என்றால் கிணறா, செப்டிக்கா, பனி வாரி ஒதுக்குவது யார் என்று கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

பழைய ஆள் அண்ணா, பம்புக்கு பேட்டரி பேக்கப் வைத்தீர்களா? வைத்திருந்தாலும் சில வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்.

பழைய_ஆள்_90

வைத்தேன் தம்பி. கிரைண்டரையும் மாடிக்குக் கொண்டுவந்தாயிற்று.