நாட்டிங் ஹில் கார்னிவலை ஹைட் பார்க்குக்கு மாற்றினால் என்ன?

ஹாரோ ரகு:
ஆகஸ்ட் கடைசித் திங்களுக்கு முந்தின ஞாயிறு குடும்பங்களுக்கான நாள் என்று அலுவலக நண்பர் சொன்னதை நம்பி, மனைவியையும் ஆறு வயது மகளையும் கூட்டிக்கொண்டு, லண்டனின் கரீபியன் தெருவிழாவான நாட்டிங் ஹில் கார்னிவலுக்குப் போனேன். முதல் ஒரு மணி நேரம் அமர்க்களம். இறகு வைத்த உடையில் என் மகள் உயரமே உள்ள பிள்ளைகள் ஆடிக்கொண்டு போனார்கள். அப்புறம் ஒரு சின்னத் தெருவில் மாட்டிக்கொண்டோம். முன்னால் ஸ்பீக்கர் கட்டிய லாரி, பின்னால் கூட்டம், இரண்டு பக்கமும் பலகை அடித்து மூடிய வீடுகள். மகளைத் தோளில் தூக்கி வைத்தபடி இருபது நிமிடம், ஓரடி நகரவில்லை. ஒரு வீட்டு வாசலில் கழிப்பறைக்கு ஆளுக்கு 5 பவுண்ட் என்று அட்டையில் எழுதி வைத்திருந்தார்கள், அதற்கும் வரிசை.

இவ்வளவு கூட்டத்தை ஏன் குடியிருப்புத் தெருக்களுக்குள் அடைக்க வேண்டும்? பக்கத்திலேயே ஹைட் பார்க் கிடக்கிறது. வேலி போட்டு, டிக்கெட் வைத்து நடத்தினால் என்ன குறைந்துவிடும்?

யாழ்தேவி:
தம்பி, 1958இல் அடி விழுந்தது ஹைட் பார்க்கில் இல்லை, இந்தத் தெருக்களில். அந்த வருடமும் ஆகஸ்ட் கடைசிதான். வெள்ளைக் கும்பல்கள் கரீபியன் சனத்தை வீடு வீடாகத் தேடிப் போய்த் தாக்கின. அதற்குப் பதில் சொல்லத்தான் டிரினிடாட்டில் பிறந்த கிளாடியா ஜோன்ஸ், 1959 ஜனவரிக் குளிரில், செயின்ட் பாங்கிராஸ் டவுன் ஹாலுக்குள் ஒரு கார்னிவல் வைத்தார். அதே வருடம் மே மாதம் ஆன்டிகுவாவிலிருந்து வந்த தச்சர் கெல்சோ காக்ரேனை நாட்டிங் ஹில்லில் குத்திக் கொன்றார்கள். இன்றுவரை ஒருவருக்கும் தண்டனை இல்லை.

தெருவுக்கு வந்தது 1966 வாக்கில். ரோன் லாஸ்லெட் என்ற பெண்மணி பிள்ளைகளுக்காக ஒரு தெருவிழா வைத்தார். அதற்கு வந்த ரசல் ஹென்டர்சனின் ஸ்டீல் பேன் வாத்தியக் குழு வாசித்துக்கொண்டே நடக்கத் தொடங்கியது, சனம் பின்னாலேயே போனது. அந்த நடைதான் விழா. அதைப் புல்வெளிக்குள் வேலி போட்டு வைத்தால் மிஞ்சுவது ஒரு கச்சேரி.

வெஸ்ட்பர்ன் வாசி:
வரலாறு எல்லாம் சரி. நான் ஊர்வலம் போகும் தெருவில் பதினோரு வருடமாக, தரைத்தளத்தில் குடியிருக்கிறேன். வெள்ளிக்கிழமை ராத்திரி ஜன்னலுக்குப் பலகை அடிப்பது நான். செவ்வாய் காலை பினாயில் ஊற்றி வாசல்படியைக் கழுவுவதும் நான். மணி ஏழானால் சவுண்ட் சிஸ்டங்களை நிறுத்திவிடுவார்கள், உண்மை. அதுவரை என் அலமாரியில் எவர்சில்வர் தம்ளர்கள் தாமாகவே நகர்கின்றன. யாழ்தேவி எந்த ஏரியா?

யாழ்தேவி:
ஈஸ்ட் ஹாம்.

வெஸ்ட்பர்ன் வாசி:
அதானே பார்த்தேன். சத்தம் கேட்காத தூரம்.

டப்பாங்குத்து:
வெஸ்ட் ஈலிங் கனகதுர்க்கை அம்மன் தேர் வருடா வருடம் ஆகஸ்டில் ரோட்டில்தான் போகிறது. அந்தத் தெருக்காரர் ஒருவர் வந்து, "இதை ஒரு பார்க்குக்குள் வைத்துக்கொள்ளக் கூடாதா" என்று கேட்டால் நாம் என்ன சொல்வோம்? சாமியே வீதிக்கு வருவதால்தான் அது தேர்.

கணக்கர்:
ஒப்பீடு இடிக்கிறது. தேருக்கு வருவது ஆயிரங்களில். கார்னிவலுக்கு இரண்டு நாளில் இருபது லட்சம் வரை என்கிறார்கள். டிக்கெட் இல்லாததால் யாராலும் சரியாக எண்ண முடியாது, என் பயமே அதுதான். நாளுக்கு சுமார் 7,000 போலீஸ் நின்றும் 2024இல் இரண்டு உயிர் போனது. அதில் ஒருவர் பிள்ளையோடு வந்து கத்திக்குத்துப்பட்ட தாய்.

ஆனால் கத்தியைவிட நெரிசலுக்குத்தான் நான் அதிகம் பயப்படுகிறேன். 2022இல் சியோலின் இடாவோனில் ஒரு குறுகிய சந்து நெரிசலுக்கு 159 பேர் பலியானார்கள். அங்கே யாரும் யாரையும் கொல்ல வரவில்லை. முன்னால் நிற்பவருக்கு மூச்சு முட்டுவது பின்னால் தள்ளுபவருக்குத் தெரியாது, அவ்வளவுதான். ரகு, நீங்கள் நின்ற அந்த இருபது நிமிடத்தில் கையைத் தூக்க முடிந்ததா?

ஹாரோ ரகு:
தோளில் மகள் இருந்ததால் கை ஏற்கனவே மேலேதான் இருந்தது. இறக்க முடிந்திருக்குமா என்று இப்போதுதான் யோசிக்கிறேன்.

யாழ்தேவி:
நெரிசல் விஷயத்தில் கணக்கர் சொல்வதை நான் மறுக்கவில்லை. 2025இல் லண்டன் மேயர் அலுவலகமும் இரண்டு உள்ளூர்க் கவுன்சில்களும் சேர்ந்து கிட்டத்தட்ட 10 லட்சம் பவுண்ட் கூடுதலாகக் கொடுத்ததும் கூட்டத்தைச் சமாளிக்கத்தான். அப்படியென்றால் தெருவிலேயே வைத்துச் சரி செய்யலாம் என்றுதானே அர்த்தம்?

தெருக்காரருக்கும் ஒரு வார்த்தை. ஐம்பதுகளில் அந்த வீடுகளில் அறைக்கு ஒரு குடும்பம் இருந்தது. வேறெங்கும் அறை கொடுக்க ஆளில்லாததால் ராக்மன் மாதிரி வீட்டு முதலாளிகள் கேட்ட வாடகையைக் கொடுத்துக்கொண்டு கரீபியன் சனம் அங்கே கிடந்தது. இன்று அந்த வீடுகளின் விலை மில்லியன்களில். வந்தவர்களுக்குச் சத்தம் பிடிக்கவில்லையாம்.

வெஸ்ட்பர்ன் வாசி:
நான் இருப்பது கவுன்சில் வீடு, அம்மா. மில்லியன்காரர்கள் அந்த வாரம் இத்தாலிக்கு, டஸ்கனிக்குப் போய்விடுவார்கள். சத்தத்தோடு கிடப்பது நானும், மாடியில் இருக்கும் எண்பது தாண்டிய டொமினிகாப் பாட்டியும்தான். அவருக்கே இந்த பேஸ் சத்தம் ஆகாது. "எங்கள் காலத்தில் பேன் இருந்தது, இப்போது லாரிதான் இருக்கிறது" என்று திட்டுவார்.

ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். இரண்டு நாளும் பகல் மூன்று மணிக்கு 72 விநாடி எல்லாம் நிற்கும். 2017 ஜூன் 14 அன்று இங்கே பக்கத்திலேயே கிரென்ஃபெல் கட்டடத் தீயில் போன 72 பேருக்காக. அந்த நேரத்தில் ஜெனரேட்டர் உறுமல் மட்டும் கேட்கும். யாரோ மிதித்த பியர் டப்பா உருளுவதுகூடக் கேட்கும். போன தடவை பாட்டி ஜன்னலைத் திறந்து நின்றார். அந்த 72 விநாடியை ஹைட் பார்க்கில் வைக்க முடியாது, அது எனக்கும் தெரியும். மற்ற நேரத்துக்கு என் புகார் அப்படியேதான் இருக்கிறது.

டப்பாங்குத்து:
கொஞ்சம் சாப்பாட்டுக்கு வருவோம். ரகு, எண்ணெய்ப் பீப்பாயைக் கவனித்தீர்களா? நெடுக்காகப் பிளந்து கரி போட்டால் ஜெர்க் சிக்கன் அடுப்பு. குறுக்கே வெட்டி, அடித்தட்டைச் சுத்தியலால் குழித்துச் சுரம் சேர்த்தால் ஸ்டீல் பேன். ஒரே பீப்பாய், ஒன்று கண்ணை எரிக்கிறது, இன்னொன்று காதைக் குளிர்விக்கிறது.

அப்புறம் டபுள்ஸ். பொரித்த மெல்லிய பரா ரொட்டி இரண்டு, நடுவில் கொண்டைக்கடலைக் கறி, மேலே காரம். 1845 முதல் 1917 வரை டிரினிடாட் கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பலேறியவர்கள் கொண்டுபோன கைப்பக்குவம். பெரும்பாலானோர் கல்கத்தா வழி, ஆனால் மெட்ராஸ் துறைமுகத்தில் ஏறியவர்களும் உண்டு. அந்த வம்சத்தார் மாரியம்மனுக்கு இன்றும் தப்பு அடிக்கிறார்கள். அதனால் "அவர்கள் விழா" என்று ரொம்பவும் தள்ளி நிற்க வேண்டாம்.

கணக்கர்:
தப்பு அடிப்பதால் தெரு அகலமாகிவிடுமா?

யாழ்தேவி:
ஆகாது. ரகு தம்பி, சனிக்கிழமை பின்னேரம் ஹார்னிமன்ஸ் பிளெசன்ஸ் பூங்காவில் பனோரமா நடக்கும். ஸ்டீல் பேன் போட்டி. பெரிய குழுக்கள், தாள் பார்க்காமல் முழுதும் மனப்பாடமாக வாசிப்பார்கள். பிள்ளைக்குக் காதுக் கவசம் மறக்காதீர்கள். ஞாயிறு வருவதென்றால் காலையிலேயே வந்து பன்னிரண்டு மணிக்குள் வெளியேறுங்கள். லாட்புரோக் குரோவ் ஸ்டேஷன் இரண்டு நாளும் மூடியிருக்கும், அதை நம்பி வராதீர்கள்.

ஹாரோ ரகு:
நன்றி, அக்கா. ஹைட் பார்க் யோசனையை நான் வாபஸ் வாங்கவில்லை. ஞாயிறு நிச்சயமாக வரமாட்டேன். சனிக்கிழமைக்கு வீட்டில் பேச வேண்டும். பீப்பாய்க் கதையை மகளுக்குப் படித்துக் காட்டினேன், வெட்டுவதை நேரில் பார்க்க முடியுமா என்று கேட்கிறாள்.

டப்பாங்குத்து:
வெட்டி முடித்துத்தான் கொண்டு வருவார்கள். சிக்கன் பக்கம் கூட்டிப் போங்கள், பாதிப் பீப்பாயாவது பார்க்கலாம்.