கோலாலம்பூரில் தோற்றுவிட்டு வந்தோம், டிசம்பரில் ஜெயித்தோமாம். சரி, பங்களாதேஷுக்கு எதிராக யாரை இறக்கலாம்?

தேக்கா_மலர்

முதலில் என் சோகக் கதை, அப்புறம் கேள்வி.

2025 செப்டம்பர் 4, வியாழக்கிழமை. கோலாலம்பூர் புக்கிட் ஜாலில் அரங்கில் நம் சிங்கப்பூர் கால்பந்து அணிக்கு மலேசியாவுடன் நட்புமுறை ஆட்டம். இரண்டு நாள் விடுப்பு எடுத்து, நாத்தனாரையும் இழுத்துக்கொண்டு பேருந்தில் போனேன். மகனுக்கு பிஎஸ்எல்இ, அதாவது தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு, நெருங்கிக்கொண்டிருந்தது. "பிள்ளை புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கிறான், பெற்றவள் பந்து பார்க்கப் போகிறாள்" என்று மாமியார் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. 2-1 என்று தோற்றோம். திரும்பி வரும்போது துவாஸ் சோதனைச்சாவடி வரிசையில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. பாதி தோல்விக்காக, பாதி கழிவறை இன்னும் வரவில்லையே என்பதற்காக.

டிசம்பரில் ஃபிஃபா என்ன செய்தது? தகுதியில்லாதவர்களை மலேசியா ஆடவிட்டது என்று சொல்லி, அந்த ஆட்டத்தை நமக்கு 3-0 வெற்றியாக மாற்றிவிட்டது. நான் காசு செலவழித்துப் போய், நேரில் பார்த்துத் தோற்ற ஆட்டத்தில் நாம் ஜெயித்துவிட்டோம்! "அந்த மூணு கோலையும் யாரும்மா போட்டது?" என்று மகன் கேட்கிறான். சுவிட்சர்லாந்தில் உட்கார்ந்திருக்கும் ஒரு குமாஸ்தா என்றேன்.

இப்போது கேள்வி. 2026 மார்ச் 31, செவ்வாய்க்கிழமை, காலாங் தேசிய விளையாட்டரங்கில் பங்களாதேஷ். நவம்பர் 18ஆம் தேதி ஹாங்காங்கில் 2-1 என்று வென்றபோதே நம் ஆசியக் கிண்ண இடம் உறுதியாகிவிட்டது. 1984இல் ஏற்று நடத்திய நாடு என்பதால் ஆடினோம். ஆடி ஜெயித்து உள்ளே போவது இதுதான் முதல்முறை. பங்களாதேஷும் ஏற்கெனவே வெளியேறிவிட்டது. ஆக, பெயர்தான் தகுதிச் சுற்று. என் கணக்கில் இது நட்புமுறை ஆட்டம்.

அப்படியென்றால் புதியவர்களை இறக்கிப் பார்க்க இதைவிட நல்ல நாள் ஏது? ஆசியக் கிண்ணம் 2027 ஜனவரியில் சவூதியில். அப்போது அணித்தலைவர் ஹாரிஸ் ஹருணுக்கு 36 வயது. கோல்காப்பாளர் இஸ்வான் மஹ்பூட்டுக்கும் 36. தற்காப்பு ஆட்டக்காரர் சஃபுவானுக்கு 35. அவர்களைக் குறை சொல்லவில்லை, நம்மை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்ததே அவர்கள்தான். ஆனால் அடுத்த ஆள் யார் என்று எப்போதுதான் பார்ப்பது?

குறிப்பாகக் கோல்காப்பாளர். என் மகன் உயர்நிலை ஒன்றில் பள்ளி அணியின் இரண்டாம் கோல்காப்பாளர். அதாவது பெஞ்சில் உட்கார்ந்து கையுறையை மாட்டி மாட்டிக் கழற்றுகிறவன். அதனால் இந்த விஷயத்தில் நான் நடுநிலையாகப் பேசுவேன் என்று எதிர்பார்க்காதீர்கள்.

---

ஈசூன்_எட்டாம்நம்பர்

மலர் அக்கா, உங்கள் கண்ணீருக்கு 3-0 கிடைத்ததில் மகிழ்ச்சி. ஆனால் இதை நட்புமுறை ஆட்டம் என்று சொல்வதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

ஃபிஃபா தரவரிசையில் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஓர் எடை உண்டு. ஃபிஃபா ஒதுக்கிய நாள்களில் நடக்கும் நட்புமுறை ஆட்டத்துக்கு 10. அந்த நாள்களுக்கு வெளியே நடந்தால் 5தான். ஆசியக் கிண்ணத் தகுதிச் சுற்றுக்கு 25. நம் பலத்துக்கு ஈடான அணியை நட்புமுறை ஆட்டத்தில் வென்றால் 5 புள்ளி கூடும். அதே அணியைத் தகுதிச் சுற்றில் வென்றால் 12.5. தோற்றால் அதே அளவு போகும். நமக்கு ஒன்றும் மாறாது என்கிறீர்கள், ஆனால் கணக்குப் போடுகிற கணினிக்கு அது தெரியாது. 25 என்றால் 25தான்.

இன்னொன்று. சோதித்துப் பார்க்கத்தான் நட்புமுறை ஆட்டங்கள் இருக்கின்றன. அந்த வேலையை அவை நன்றாகவே செய்கின்றன, நமக்குத்தான் பார்க்கத் தெரியவில்லை. 2025 மார்ச்சில் நேப்பாளத்திடம் 0-1. இங்கே எல்லாரும் அப்போதைய பயிற்றுவிப்பாளர் ஒகுராவைத் திட்டினோம், நானும் திட்டினேன். நான்கு நாளில் ஹாங்காங்குடன் 0-0, ஒரு புள்ளி. நவம்பர் 13ஆம் தேதி தாய்லாந்தில் 2-3. "மூன்று கோல் வாங்கிவிட்டு ஹாங்காங் போகிறார்கள், கதை முடிந்தது" என்று எழுதியவர் இந்தத் தளத்திலேயே இருக்கிறார், பெயர் சொல்லவில்லை. ஐந்தே நாளில் என்ன நடந்தது? முதல் கோலை ஹாங்காங் போட்டது. இரண்டாம் பாதியில் ஷவால் சமன் செய்தார், மூச்சு விடுவதற்குள் இல்ஹான் இன்னொன்று போட்டார்.

அதற்கு முன்னால் அக்டோபரில் கோவாவில் இந்தியாவுடன் ஆடியபோதும் இப்படித்தான். முதலில் பின்தங்கி, சோங் உய்-யங் போட்ட இரண்டு கோலால் 2-1. பின்தங்கினாலும் குலையாமல் ஆட ஒரே அணி திரும்பத் திரும்பச் சேர்ந்து ஆடியிருக்க வேண்டும். அதை ஏன் கலைக்கச் சொல்கிறீர்கள்? முழு அணியை இறக்கி, 60 நிமிடத்துக்கு அப்புறம் மாற்றட்டும்.

---

பழைய_காலாங்

தம்பி ஈசூன், கணக்கெல்லாம் சரி. ஆனால் தரவரிசைக்காகப் பந்து பார்க்கிறவன் நான் இல்லை.

மலருக்குச் சொல்கிறேன். நட்புமுறை ஆட்டம் என்ற பெயரில் நான் பார்த்த மோசமான ஆட்டம் 2017 ஜூன் 13, அர்ஜென்டினா. மெஸ்ஸி வருவார் என்று பேரப்பிள்ளைக்கு ஆசை காட்டி டிக்கெட் வாங்கினேன். மெஸ்ஸி வரவில்லை, ஆறு கோல் வந்தது. அப்போது பயிற்றுவிப்பாளர் நம் வி. சுந்தரமூர்த்தி. மனிதர் ஓரமாக நின்றுகொண்டிருந்ததைப் பார்க்க எனக்கே சங்கடமாக இருந்தது. ஆடிய காலத்தில் அவர் காலில் பந்து போனால் மொத்த காலாங்கும் எழுந்து நிற்கும். அன்றைக்கு நம் ஆட்டக்காரர்கள் என்ன கற்றுக்கொண்டார்கள்? அர்ஜென்டினா நல்ல அணி என்று. அது எனக்கு வீட்டிலிருந்தே தெரியும்.

பார்த்ததிலேயே பயனுள்ள நட்புமுறை ஆட்டம் எது தெரியுமா? 2007 ஜூன் 24, வட கொரியா. ஒரு பையனை உள்ளே விட்டார்கள். 16 வயது 217 நாள். சிங்கப்பூருக்காக ஆடியவர்களில் ஆக இளையவன். மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை. அந்தப் பையன்தான் இன்றைக்கு நீங்கள் வயதாகிவிட்டது என்று சொல்லும் ஹாரிஸ் ஹருண். ஹாங்காங்கை வென்ற மறுநாள் அவனுக்கு 35ஆவது பிறந்தநாள். பயிற்றுவிப்பாளர் கெவின் லீக்கும் அதே வயதுதான். தலைவரும் வாத்தியாரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள் மாதிரி.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்த ஆண்டுத் தொடக்கத்தில்தான் ஆசியான் கிண்ணத்தை வென்றிருந்தோம். வென்று பழகிய பெரியவர்கள் நடுவே ஒரு சின்னப் பையன். தவறு செய்தால் சரிசெய்ய ஆள் இருந்தது. பதினொரு பையன்களை ஒன்றாக இறக்கி ஆளுக்கு ஆள் முழித்துக்கொண்டு நின்றால், யார் நன்றாக ஆடினான் என்பதே தெரியாது. சாம்பாரில் எல்லாக் காய்கறியையும் ஒரே நாளில் மாற்றினால் எது கசந்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பாய்?

ஆகவே ஒருவர், கூடினால் இருவர்.

கோல்காப்பாளர் விஷயத்தில் மட்டும் எனக்கு அவசரம் இல்லை. 2024 ஜூனில் உலகக் கிண்ணத் தகுதிச் சுற்றில், பேங்காக்கில் தாய்லாந்துக்கு எதிராக ஹசான் சன்னி தடுத்துத் தள்ளியது ஞாபகம் இருக்கிறதா? அப்போது அவருக்கு 40 வயது. நாம் 1-3 என்று தோற்றும், அவர் தடுத்ததால்தான் தாய்லாந்தைத் தாண்டிச் சீனா அடுத்த சுற்றுக்குப் போனது என்று சீன ரசிகர்கள் தெம்பனிஸில் அவருடைய நாசி லெமாக் கடையில் வரிசை பிடித்தார்கள். இஸ்வானும் சைத்தாமாவில் ஜப்பானை 0-0 என்று நிறுத்தியவர். 2015இல், 18 தடவை தடுத்து. கோல்காப்பாளருக்கு 36 எல்லாம் ஒரு வயதா?

---

துவாஸ்_புதுக்கோட்டையான்

அக்கா, ஐயா, வணக்கம். நான் இங்கே கட்டுமான வேலைக்கு வந்து ஏழு வருடம் ஆகிறது. இந்தத் தளத்தில் படிப்பேன், எழுதியதில்லை. இதற்கு எழுதத் தோன்றியது.

அக்டோபர் 9ஆம் தேதி சிங்கப்பூரும் இந்தியாவும் ஆடியபோது நான் காலாங்கில்தான் இருந்தேன், ஆனால் எதிர்ப்பக்கம், இந்தியாவுக்காக. மன்னிக்கணும். உங்கள் இக்சான் கோல் போட்டதும் தலையில் கை வைத்துவிட்டேன். இடைவேளை முடிந்து வந்ததுமே எங்கள் ஜிங்கானுக்குச் சிவப்பு அட்டை. பத்துப் பேராகிவிட்டோம், எழுந்து போகலாம் என்றான் கூட வந்தவன். 90ஆவது நிமிடத்தில் ரஹீம் அலி போட்டார் பாருங்கள், தண்ணீர் பாட்டில் எங்கே போனது என்றே தெரியவில்லை. 1-1. அந்தச் சந்தோஷம் ஐந்து நாள்கூட நீடிக்கவில்லை. கோவா ஆட்டத்தைக் கைப்பேசியில் பார்த்துவிட்டு, பேசாமல் படுத்துவிட்டேன்.

நான் சொல்ல வந்தது வேறு. எங்கள் தங்குவிடுதியில் எதிர் அறை முழுக்க பங்களாதேஷ்காரர்கள். வேலையிடத்திலும் கூடவே இருப்பவர்கள். நவம்பர் 18 அன்று டாக்காவில் இந்தியாவை 1-0 என்று வென்றதிலிருந்து என்னை அவர்கள் சும்மா விடுவதில்லை. காலையில் தலைக்கவசம் மாட்டும்போதே "பாய், ஒன் நில்" என்பார்கள். இப்போது மார்ச் 31க்கு யார் யாருக்கு ஓவர்டைம் இல்லை என்று பட்டியல் போட்டுவிட்டார்கள். அவர்களுக்கு இது ஆசியக் கிண்ணத்துக்குப் போவதா இல்லையா என்ற ஆட்டமே இல்லை. தங்கள் நட்சத்திர ஆட்டக்காரர் ஹம்ஸா சௌத்ரியை நேரில் பார்க்கும் ஆட்டம். மூன்று வருடம் ஊருக்குப் போகாதவன்கூடத் தன் கொடியைக் கையில் பிடித்துக் கத்தும் ஆட்டம்.

அதனால் அரங்கில் பாதி இடத்தில் பச்சைதான் தெரியும் என்று நினைக்கிறேன். உங்கள் சொந்த மண்ணிலேயே எதிரணிச் சத்தம். நட்புமுறை ஆட்டம் என்று நீங்கள் எழுதியதை அவர்களிடம் காட்டினால் சிரிப்பார்கள், அக்கா.

---

தேக்கா_மலர்

அடடா. இப்படி ஒரு பக்கம் இருப்பதை நான் யோசிக்கவே இல்லை. தம்பி, எதிர்ப்பக்கம் உட்கார்ந்ததற்கெல்லாம் மன்னிப்புக் கேட்க வேண்டாம். என் அப்பா எண்பதுகளில் சென்னையிலிருந்து அணி வந்தால் எந்தப் பக்கம் கைதட்டுவது என்று தெரியாமல் இரண்டு பக்கமும் தட்டியவர்.

ஈசூன் தம்பி, 25ஐயும் 10ஐயும் படித்ததும் கொஞ்சம் இறங்கி வந்தேன். ஐயா சொன்ன சாம்பாரில் இன்னும் கொஞ்சம். சரி, பதினொரு பேரையும் மாற்ற வேண்டாம். ஹாரிஸ் தொடங்கட்டும். நடுவில் சோங் இருக்கட்டும். நான் என் பட்டியலைக் கிழித்துவிட்டேன். (உண்மையிலேயே ஒரு பட்டியல் இருந்தது, ஃபேர்பிரைஸ் ரசீதின் பின்பக்கத்தில்.)

ஆனால் கோல்காப்பாளரில் நான் விடமாட்டேன். ஐயா, ஹசான் சன்னியை உதாரணம் காட்டினீர்கள். அதே உதாரணத்தைத் திருப்பிப் போடுகிறேன். நாற்பது வயது வரை ஒருவரே நின்றார் என்றால், அவர் பின்னால் எத்தனை பேர் கையுறையோடு உட்கார்ந்தே வயதானார்கள்? மற்ற இடங்களிலாவது 70ஆவது நிமிடத்தில் ஒருவரை உள்ளே அனுப்பலாம். கோல்காப்பாளரை யாரும் அப்படி மாற்றுவதில்லை. அடிபட்டால்தான் உண்டு. ஜனவரியில் சவூதியில் இஸ்வானுக்கு விரல் சுளுக்கிக்கொண்டது என்று வையுங்கள். உள்ளே ஓடுகிறவர் அதற்கு முன் எத்தனை பேர் கத்தும்போது கோல் கம்பத்துக்கு நடுவே நின்றிருப்பார்? பயிற்சித் திடலில் சத்தமே இருக்காது.

புதுக்கோட்டைத் தம்பி சொல்வது உண்மையானால், பாதி அரங்கு எதிராகக் கத்தப்போகிறது. தோற்றாலும் ஆசியக் கிண்ணம் கைவிட்டுப் போகாது. இப்படி ஒரு சத்தத்தை, இப்படி ஒரு விலைக்கு, எந்த நட்புமுறை ஆட்டத்தில் வாங்க முடியும்? பீஷானில் மாலத்தீவுடன் ஆடினால் கிடைக்குமா?

ஆகவே பத்துப் பேர் ஐயா சொன்னபடி, ஒருவர் நான் சொன்னபடி.

---

ஈசூன்_எட்டாம்நம்பர்

அந்த ஒருவர் தவறவிட்டால் 12.5 புள்ளி, அக்கா.

---

பழைய_காலாங்

போனால் போகட்டும் தம்பி. நானும் யோசித்துப் பார்த்தேன். 1998இல் ஹனோயில் வியட்நாமை வென்றபோது சசிகுமார் முதுகில் பட்டு உள்ளே போன கோலைத்தான் எல்லாரும் பேசுகிறோம். அன்றைக்கு மாற்று ஆளாகப் பெஞ்சில் உட்கார்ந்திருந்த கோல்காப்பாளர் பெயர் எனக்கு இப்போது நினைவில் வரவில்லை. மலர் சொல்வதில் ஏதோ இருக்கிறது.

ஆனால் சஃபுவானைத் தொடக்கூடாது. முன்னால் அனுபவசாலி ஒருவர் கத்தி வழிகாட்டாமல் புதுக் கோல்காப்பாளரை நிறுத்தினால் அது சோதனை இல்லை, தண்டனை.

---

தேக்கா_மலர்

சம்மதம். சஃபுவான் இருக்கட்டும்.

இதையெல்லாம் மகனிடம் படித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டுவிட்டு, "இஸ்வான்கிட்ட யாராவது கேட்டாங்களாம்மா? அவருக்கும் அந்த மேட்ச் ஆடணும்னு இருக்கும்ல" என்றான். பெஞ்சில் உட்காருகிறவனே இப்படிச் சொன்னால் நான் யாருக்காக இவ்வளவு எழுதினேன் என்று தெரியவில்லை.

யார் நின்றாலும் நான் வருகிறேன். வேலை முடிந்து நேராக ஓல்ட் ஏர்போர்ட் ரோடு உணவங்காடி நிலையம், அங்கே சாப்பிட்டுவிட்டு நடந்தே அரங்குக்கு. ஐயா, முட்டி வலி என்று சொல்லாமல் வாருங்கள். புதுக்கோட்டைத் தம்பி, நீயும் உன் எதிர் அறைக்காரர்களை அழைத்துக்கொண்டு வா. நாத்தனார் எல்லாருக்கும் சேர்த்து மேசை பிடித்துவைப்பாள்.

---

துவாஸ்_புதுக்கோட்டையான்

வருகிறேன் அக்கா. ஆறு பேர் இருக்கிறோம், மேசை பெரிதாக இருக்கட்டும். நான் எந்தச் சட்டை போடுவது என்றுதான் இன்னும் முடிவு செய்யவில்லை.